கிரைண்டர் கம்பெனியின் தளத்தை வலைப்பதிவு மென்பொருளில் கட்டலாமா?

ஆட்டுக்கல்:
கோவையில் வெட் கிரைண்டர் செய்யும் சிறிய பட்டறை எங்களுடையது. இத்தனை காலமும் டீலர்கள் வழியாகத்தான் விற்றோம். இப்போது வெளியூர்க்காரர்கள் நேராக அழைக்கிறார்கள், "உங்கள் வெப்சைட் எது?" என்ற முதல் கேள்விக்கே என்னிடம் பதில் இல்லை. இரண்டு பேரிடம் விலை கேட்டேன். ஒருவர் வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் தளத்தையும் வலைப்பதிவையும் ஒன்றாகச் செய்து தருவதாகச் சொல்கிறார். மற்றவரோ, "வலைப்பதிவு எழுத வந்த மென்பொருளில் கம்பெனி தளமா? தளத்தைத் தனியாக எச்.டி.எம்.எல்.லில், அதாவது நிலையான பக்கக் கோப்புகளாக, செய்துகொள்ளுங்கள். எழுத ஆசையிருந்தால் கூகுளின் வலைப்பதிவுச் சேவையான பிளாகரில் இலவசமாக எழுதிக்கொள்ளுங்கள்" என்கிறார். எழுதப்போவது என் மகள். தமிழிலும் ஆங்கிலத்திலும் நன்றாக எழுதுவாள், ஆனால் நிரல் தெரியாது. யார் சொல்வது சரி?

வலைத்தச்சன்:
இரண்டாமவர் 2004இலேயே நின்றுவிட்டார். 2003 மே மாதம் வெளிவந்தபோது வேர்ட்பிரஸ் வலைப்பதிவுக்கான மென்பொருள்தான், மறுக்கவில்லை. ஆனால் 2005இல் வந்த 1.5 பதிப்பிலேயே தேதியில்லாத பக்கங்களும், தளத்தின் தோற்றத்தை மாற்றும் தீம்களும் சேர்ந்துவிட்டன. 2010இல் வந்த 3.0 பதிப்பில், பதிவு, பக்கம் என்ற இரண்டோடு நில்லாமல் நமக்கு வேண்டிய வகைகளை நாமே உருவாக்கிக்கொள்ள வழி வந்தது. உங்களுக்கு உதவப்போவது இதுதான். 'மாடல்' என்று ஒரு வகையை அமைத்து, கொள்ளளவு எத்தனை லிட்டர், மோட்டார் எத்தனை வாட், டேபிள்டாப்பா டில்டிங்கா, கல் எத்தனை, வாரண்டி எவ்வளவு என்று கட்டங்களை வடிவமைப்பாளர் ஒருமுறை போட்டுக் கொடுத்துவிட்டால் போதும். புதிய மாடல் வரும்போது உங்கள் மகள் அந்தக் கட்டங்களை நிரப்பினால் பக்கம் தானாக உருவாகிவிடும். அமைப்புகளில் முகப்புக்கு ஒரு நிலையான பக்கத்தையும் பதிவுகளுக்கு வேறொரு பக்கத்தையும் தேர்ந்தெடுத்துவிட்டால், வருகிறவருக்கு அது கம்பெனி தளமாகத்தான் தெரியும். உலக இணையதளங்களில் 40 சதவீதத்துக்கும் மேல் இதில்தான் ஓடுகின்றன. அவை எல்லாம் நாட்குறிப்பு எழுதும் தளங்களா?

எளியவன்:
எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்பது ஆட்டுக்கல் ஐயாவுக்கு என்ன வேண்டும் என்பதற்குப் பதில் ஆகாது. அவருக்கு வேண்டியது முகப்பு, மாடல்கள், சர்வீஸ், எங்களைப் பற்றி, தொடர்பு. ஆண்டுக்கு ஒருமுறை மாறினால் அதிகம். இதற்கு ஒரு பி.எச்.பி. நிரல், ஒரு தரவுத்தளம், கூடுதல் வசதிக்காக ஒட்டவைக்கும் பிளக்இன் பத்துப் பதினைந்து, அவற்றுக்கு வாரந்தோறும் அப்டேட். இரண்டு பேர் இட்லி சாப்பிடக் கல்யாண மண்டபக் கிரைண்டரை வாங்கி வைப்பது இது.

பாதுகாப்பைப் பற்றி நீங்கள் வாயே திறக்கவில்லை. 2011இல் டிம்தம்ப் என்ற படம் சுருக்கும் நிரலில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. அது எண்ணற்ற தீம்களுக்குள் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தது. தளத்தின் உரிமையாளர்களில் பலருக்கு அப்படி ஒன்று தங்கள் தளத்தில் இருப்பதே தெரியாது. இன்றும் ஓட்டைகள் பெரும்பாலும் பிளக்இன்களில்தான் வருகின்றன. பட்டறைக்காரர் கல்லைக் கொத்துவாரா, பிளக்இன் அப்டேட் பார்ப்பாரா?

இன்னொன்று. சிறு நிறுவனத் தளங்களில் 'செய்திகள்' என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். திறப்பு விழாப் படம் ஒன்று, பல வருடங்களுக்கு முந்தைய பொங்கல் வாழ்த்து ஒன்று. அதற்கு மேல் ஒன்றும் இருக்காது. அதைப் பார்க்கிறவர் கம்பெனியே மூடிவிட்டதோ என்றுதான் நினைப்பார்.

பழைய பதிவர்:
பிளாகரை எல்லோரும் ஏன் இப்படி ஏளனம் செய்கிறீர்கள்? 1999இல் தொடங்கியது, 2003இல் கூகுள் வாங்கியது, இன்றும் ஓடுகிறது. தமிழ் வலைப்பதிவுகளில் பெரும் பகுதி வளர்ந்ததே அங்கேதான். தளத்தை வைக்கும் சர்வர் இடத்துக்கான ஹோஸ்டிங் கட்டணம் இல்லை, சொந்த டொமைனை (தள முகவரிப் பெயரை) இணைக்கலாம், பாதுகாப்பான இணைப்பும் இலவசம். பிளக்இன் என்ற பேச்சே இல்லாததால் எளியவன் சொல்லும் ஓட்டைகளும் இல்லை. 2010 முதல் நிலையான பக்கங்களும் உண்டு. மொத்தத் தளத்தையுமே அதில் கட்டலாமே!

வலைத்தச்சன்:
கட்டலாம். ஆனால் பதிவின் முகவரியில் வருடமும் மாதமும் ஒட்டிக்கொண்டே வரும், அவற்றை எடுக்க முடியாது. மூன்று வருடத்துக்கு முன் எழுதிய "கிரைண்டர் பெல்ட் மாற்றுவது எப்படி" இன்றைக்கும் சரியாகத்தான் இருக்கும்; முகவரியைப் பார்த்தால் பழங்கதை போலத் தெரியும். மாடல்களுக்குத் தனி வகை கிடையாது, எல்லாமே பதிவு அல்லது பக்கம்தான். தோற்றத்தை ஆழமாக மாற்ற வேண்டுமானால் எக்ஸ்.எம்.எல். வார்ப்புருவுக்குள் கைவைக்க வேண்டும்.

அடுத்தவர் இடத்தில் குடியிருப்பதன் ஆபத்து வேறு. தொழில் விவரப் பக்கத்தோடு கூகுள் இலவசமாகக் கொடுத்த சிறு தளங்களை நினைத்துப் பாருங்கள். 2024 மார்ச்சில் அந்தச் சேவையையே நிறுத்திவிட்டார்கள். அந்த முகவரியை விசிட்டிங் கார்டில் அச்சடித்த கடைக்காரர்கள் கார்டை மாற்ற வேண்டியதாயிற்று.

எளியவன்:
நீங்கள் புகழும் வேர்ட்பிரஸ் மட்டும் யாருடைய தயவும் இல்லாமல் நிற்கிறதா? 2024 செப்டம்பரில் அதன் நிறுவனர்களில் ஒருவரான மேட் முல்லன்வெக்குக்கும் டபிள்யூ.பி. எஞ்சின் என்ற ஹோஸ்டிங் நிறுவனத்துக்கும் மூண்ட சண்டையை மறந்துவிட்டீர்கள். அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள் தங்கள் பிளக்இன்களை வழக்கமான வழியில் அப்டேட் செய்ய முடியாமல் தவித்தார்கள். அடுத்த மாதமே அந்த நிறுவனத்தின் புகழ்பெற்ற பிளக்இன் ஒன்றை வேர்ட்பிரஸ் தரப்பு தன் கையில் எடுத்து வேறு பெயர் வைத்தது. நீங்கள் சொன்ன 'மாடல்' கட்டங்களைப் போட வடிவமைப்பாளர்கள் பலர் பயன்படுத்துவதும் அதே பிளக்இன்தான். ஆட்டுக்கல் ஐயா எந்தச் சண்டையிலும் இல்லை, ஆனால் அடி அவர் தளத்திலும் விழலாம்.

வலைத்தச்சன்:
சண்டை அசிங்கமானதுதான். ஆனால் மூல நிரல் ஜி.பி.எல். என்ற திறந்த உரிமத்தில் இருக்கிறது. யாரும் பிரதி எடுத்துத் தனியாகத் தொடரலாம். வேர்ட்பிரஸே அப்படிப் பிறந்ததுதான். பி2 என்ற வலைப்பதிவு நிரலின் வளர்ச்சி நின்றுபோனபோது முல்லன்வெக்கும் மைக் லிட்டிலும் அதிலிருந்து பிரித்து எடுத்தார்கள். 2004இல் மூவபிள் டைப் என்ற இன்னொரு வலைப்பதிவு மென்பொருள் தன் உரிம விதிகளைக் கடுமையாக்கியபோது அங்கிருந்து பதிவர்கள் இதற்குக் குடிபெயர்ந்தார்கள். ஹோஸ்டிங் பிடிக்கவில்லையா? கோப்புகளையும் தரவுத்தளத்தையும் எடுத்துக்கொண்டு வேறு இடம் போகலாம்.

டொராண்டோ இட்லி:
குறுக்கே பேசுவதற்கு மன்னியுங்கள். நான் வாங்கும் பக்கத்தில் நிற்பவள். கோவை கிரைண்டர் வாங்க வேண்டும் என்று தேடினேன். என் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: இங்கே மின்சாரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ், அங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் போதுமா, மோட்டார் என்ன ஆகும்? நான் பார்த்த தளங்களில் கல்லின் பளபளப்பு, சுழலும் படங்கள், "தரமே எங்கள் தாரக மந்திரம்" எல்லாம் இருந்தன. இதற்குப் பதில் இல்லை. எந்த மென்பொருளில் கட்டினார்கள் என்று நான் கவனிக்கவே இல்லை.

ஆட்டுக்கல்:
அம்மா, டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டேஜை மட்டும்தான் மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. எங்களுடையது இண்டக்‌ஷன் மோட்டார். 50க்காகச் செய்ததை 60இல் ஓட்டினால் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வேகமாகச் சுற்றும். அரிசியும் உளுந்தும் அரைபடும் விதம் மாறும், மாவு சூடேறும். அங்கே ஓட்டுவதற்கென்று செய்த மோட்டார் உள்ள மாடலைக் கேட்டு வாங்குவதே நல்லது. இதைப் போனில் அடிக்கடி சொல்கிறேன்.

வலைத்தச்சன்:
ஐயா, உங்கள் முதல் பதிவை இப்போதே எழுதிவிட்டீர்கள்! உங்கள் மகள் இதைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒழுங்குபடுத்தி, மோட்டார் விவரங்கள் பொறித்த தகட்டின் படத்தோடு போடட்டும். வெளிநாட்டு மாடலின் பக்கத்திலிருந்து இதற்கு ஓர் இணைப்பு, இதிலிருந்து அந்த மாடலுக்கு ஓர் இணைப்பு. படித்தவர் வாங்கும் இடத்துக்கு அதே தளத்துக்குள்ளேயே போய்விடுவார். வலைப்பதிவை வேறு பெயரில், வேறு தோற்றத்தில், இலவச முகவரியில் வைத்தால், தேடி வருகிறவர் அங்கேயே படித்துவிட்டு அங்கிருந்தே திரும்பிவிடுவார். வலைப்பதிவைத் துணை டொமைனில் (டொமைனுக்கு முன்னால் ஒரு சொல் சேர்த்து) வைத்தாலும் உள்ளடைவில் (டொமைனுக்குப் பின்னால் சேர்த்து) வைத்தாலும் தனக்கு ஒன்றுதான் என்று கூகுள் சொல்கிறது. சரி, ஆனால் இரண்டிலும் டொமைன் உங்களுடையதாக இருக்க வேண்டும்.

எளியவன்:
அம்மாவின் கேள்வி நல்ல கேள்வி. ஆனால் அது எதற்காக வலைப்பதிவில் போக வேண்டும்? "வோல்ட், ஹெர்ட்ஸ்" என்று மாடல் பக்கத்தில் ஒரு வரி, கீழே நான்கு வரி விளக்கம். தீர்ந்தது. தேதி போட்டு வரிசையாகக் கீழே தள்ளப்படும் இடத்தில் வைத்தால், இன்னும் பத்துப் பதிவு வந்ததும் அது மூன்றாம் பக்கத்தில் புதைந்துவிடும். பதிவு என்ற வடிவமே செய்திக்கு உரியது. கிரைண்டர் விற்பவரிடம் அப்படி என்ன செய்தி இருக்கிறது?

கணக்குப்பிள்ளை:
நான் ஜவுளிக் கடைக்காரன். எளியவன் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். எங்கள் தளத்தில் தேதியை மறைத்துவிட்டு, பதிவுகளைத் 'துணி பராமரிப்பு', 'அளவு', 'பட்டா, கலப்பா' என்று வகை பிரித்துத்தான் காட்டுகிறோம். அடியில் இருப்பது வலைப்பதிவு மென்பொருள்தான், ஆனால் பார்ப்பவருக்குக் கேள்வி பதில் புத்தகம். எழுதுகிறவருக்கு வசதி, படிக்கிறவருக்கும் புதைவதில்லை.

மென்பொருளைவிட முக்கியமான ஒன்றை இங்கே யாரும் சொல்லவில்லை. டொமைனை யார் பெயரில், யாருடைய மின்னஞ்சலில் பதிவு செய்கிறார்கள் என்று பாருங்கள். எங்களுக்கு முதலில் தளம் செய்தவர் தன் பெயரில் பதிந்துகொண்டார். பிறகு வேறொருவரிடம் போக நினைத்தபோது டொமைனை விட்டுக்கொடுக்க ஒரு தொகை கேட்டார். வேர்ட்பிரஸ், பிளாகர், எச்.டி.எம்.எல். எதுவானாலும் கதை இதுதான்.

பழைய பதிவர்:
தமிழில் எழுதப்போகிறார்களே, முகவரியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பிளாகரில் முழுத் தமிழ்த் தலைப்பு வைத்தால் முகவரியில் தமிழ் வராது. 'பிளாக் போஸ்ட்' என்று போட்டு ஓர் எண்ணைச் சேர்த்துவிடும்.

வலைத்தச்சன்:
வேர்ட்பிரஸிலும் சிக்கல் உண்டு, வேறு மாதிரி. தமிழ் எழுத்துகள் முகவரியில் குறியீடாக மாறும்போது ஒவ்வொரு யூனிகோட் குறியும் ஒன்பது எழுத்துகளாக நீள்கிறது. முகவரியைச் சேமிக்கும் புலத்தின் எல்லை 200 எழுத்து. ஆக, சுமார் 22 குறிகள்தான் கொள்ளும், 'கி' என்பதே இரண்டு குறி. நீளமான தலைப்பு நடுவில் வெட்டுப்படும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் சதவீதக் குறிகளின் ஊர்வலமாகத் தெரியும். முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில், இரண்டு மூன்று சொற்களில், கையால் எழுதச் சொல்லுங்கள். பதிவை வெளியிடும் முன்பே செய்ய வேண்டும்.

எளியவன்:
சரி, வேர்ட்பிரஸ் என்றே முடிவானால் இதையாவது ஒப்பந்தத்தில் எழுதுங்கள். அதோடு வரும் இயல்பான தீம் போதும். இழுத்து வைத்துப் பக்கம் கட்டும் கனமான பிளக்இன்கள் வேண்டாம். பிறகு அவற்றை எடுத்தால் பக்கங்கள் குலைந்துபோகும். முகப்பில் சுழலும் படங்கள் வேண்டாம். முகப்பின் பெரிய படம் போனில் இரண்டரை விநாடிக்குள் தெரிய வேண்டும், கூகுள் நல்ல வேகம் என்று சொல்வது அதைத்தான். தொடர்புப் படிவத்தை மட்டும் நம்பாதீர்கள். சர்வர் நேரடியாக அனுப்பும் மின்னஞ்சல் பல நேரம் ஸ்பேமில் விழும், ஆர்டர் கேட்டவர் பதில் வராமல் போய்விடுவார். போன் எண்ணையும் வாட்ஸ்அப் இணைப்பையும் எல்லாப் பக்கத்திலும் போடுங்கள். பேக்கப் ஹோஸ்டிங்கில் மட்டும் இல்லாமல் உங்கள் கணினியிலும் இருக்கட்டும்.

என் கருத்து மாறவில்லை. ஐந்து பக்கத்தை நிலையான கோப்புகளாக வைத்தால் இந்தப் பட்டியலில் பாதிக்குத் தேவையே இருந்திருக்காது.

வலைத்தச்சன்:
அந்த ஐந்து பக்கத்தில் ஒரு விலையை மாற்ற அவர் யாரை அழைப்பார்? உங்களையா?

எளியவன்:
அழைக்கட்டும். ஆண்டுக்கு ஒருமுறைதானே.

ஆட்டுக்கல்:
விலை அடிக்கடி மாறும் ஐயா, செம்பும் ஸ்டீலும் ஏறினால் எங்களுக்கும் ஏறும். அதனால் வேர்ட்பிரஸ்தான். டொமைனைக் கம்பெனி பெயரில் நானே இன்று வாங்கிவிட்டேன். எளியவன் சொன்னதை அப்படியே வடிவமைப்பாளருக்கு அனுப்பினேன். சுழலும் படம் வேண்டாம் என்றதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம். மகள் 120 வோல்ட் பதிவை எழுதத் தொடங்கிவிட்டாள். இன்னொரு கேள்வி: தளத்தில் விலையைப் போடலாமா? டீலர்கள் கோபித்துக்கொள்வார்களே.

கணக்குப்பிள்ளை:
எம்.ஆர்.பி.யைப் போடுங்கள், தள்ளுபடியைப் போடாதீர்கள். தள்ளுபடி டீலர் கையில் இருக்கட்டும். ஊர்வாரியாக டீலர் பெயரும் எண்ணும் கொண்ட ஒரு பக்கத்தையும் சேர்த்துவிட்டால் கோபிக்க மாட்டார்கள். தங்கள் பெயர் ஏன் மேலே இல்லை என்றுதான் கேட்பார்கள்.