மின்சிகரெட் பிடிப்பவர்கள் அமெரிக்காவில் ஒரு வாக்கு வங்கியா?

கேள்வி

அமெரிக்கத் தேர்தல் செய்திகளில் ‘வி வேப், வி வோட்’ (வேப், அதாவது மின்சிகரெட், பிடிக்கிறோம், வாக்கும் அளிக்கிறோம்) என்ற முழக்கம் அவ்வப்போது தலைகாட்டுகிறது. சாதி, சமயம், தொழிற்சங்கம் என்று வாக்கு வங்கிகளைப் பார்த்துப் பழகிய எனக்கு, மின்சிகரெட் பிடிப்பதை மட்டுமே பொதுவாகக் கொண்டவர்களால் ஒரு வேட்பாளரை வெற்றிபெறச் செய்ய முடியும் என்பது நம்பக் கடினமாக இருக்கிறது. இதற்குச் சான்று உண்டா, அல்லது வணிகர்கள் கிளப்பிவிட்ட பேச்சுதானா?

மறுமொழி 1

நண்பரே, எல்லோரும் எடுத்துக்காட்டுவது 2016 விஸ்கான்சின் செனட் தேர்தலைத்தான். அவ்வாண்டு மே மாதம் உணவு மருந்து நிர்வாகம் மின்சிகரெட்டுகளைப் புகையிலைப் பொருள்களுக்கான விதிகளுக்குள் கொண்டுவந்தபோது, சிறு கடைகளின் கதி என்ன என்று அதனிடம் கடிதம் எழுதிக் கேட்டவர் குடியரசுக் கட்சியின் செனட்டர் ரான் ஜான்சன். கருத்துக்கணிப்புகளில் பின்தங்கியிருந்த அவர், ஜனநாயகக் கட்சியின் ரஸ் ஃபைன்கோல்டை 3 விழுக்காட்டுக்குச் சற்றே கூடுதலான வித்தியாசத்தில் வென்றார். ஆனால் அதே நாளில் அவர் கட்சியின் அதிபர் வேட்பாளர் டிரம்பும் அம்மாநிலத்தில் வென்றிருக்கிறார் என்பதால், ஜான்சனின் வெற்றியில் வேப் பிடிப்போரின் பங்கு இவ்வளவு என்று பிரித்துக் காட்ட யாராலும் முடியாது.

மறுமொழி 2

எண்ணிக்கையைவிட அரசியல்வாதிகளின் அச்சமே இங்கே வேலை செய்கிறது. என் மைத்துனர் விஸ்கான்சினில் சிகரெட்டை விட்டு வேப்புக்கு மாறியவர். அவருடன் ஒருமுறை கடைக்குப் போனபோது, கடைக்காரர் கருவியில் திரவத்தைச் சூடாக்கும் கம்பிச்சுருளை மாற்றிக்கொண்டே, “வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா?” என்று கேட்டார், திரவப் புட்டிகளுக்குப் பக்கத்தில் பதிவுப் படிவங்கள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. பெட்டிக்கடை அளவுள்ள இடந்தான், ஆனாலும் ஒரு கட்சிக் கிளை அலுவலகம் செய்யும் வேலையை அது செய்கிறது.

2019 செப்டம்பரில் டிரம்ப் அரசு சுவையூட்டிய மின்சிகரெட்டுகளைத் தடைசெய்யப்போவதாக அறிவித்தது. போட்டி கடுமையாக உள்ள மாநிலங்களில் இதனால் வாக்கு போகும் என்று தொழில் அமைப்பொன்று கருத்துக்கணிப்பை நீட்டியது. நவம்பரில் வெள்ளை மாளிகைக்கு வெளியே வேப் பிடிப்போர் கூட்டம் கூடியது. விஸ்கான்சினில் டிரம்ப் 2016இல் வென்றது 23,000க்கும் குறைவான வாக்குகளில் என்பதை நினைத்தால், ஆலோசகர்களுக்கு ஏன் வியர்த்தது என்பது புரியும். 2020 ஜனவரியில் வந்த ஆணை, பழச்சுவையும் புதினாச்சுவையும் கொண்ட, திரவம் அடைத்தே விற்கப்படும் குப்பிகளோடு நின்றுகொண்டது; கடைகளில் விற்கும் நிரப்பிப் பயன்படுத்தும் வகைகளைத் தொடவில்லை.

மறுமொழி 3

மேலே சொன்னது சரி, ஆனால் கேள்வியை நேரடியாக மக்களிடமே கொண்டுபோனால் கதை மாறிவிடுகிறது. 2019 நவம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோவின் மின்சிகரெட் விற்பனைத் தடையை நீக்க, மின்சிகரெட் தயாரிக்கும் ஜூல் நிறுவனம் பணம் கொட்டிக் கொண்டுவந்த முன்மொழிவை, வாக்களித்தவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் நிராகரித்தார்கள். அந்நிறுவனமே பாதியில் கைகழுவிவிட்டது. 2022இல் கலிஃபோர்னியாவின் சுவைத் தடைச் சட்டத்தை ஏறத்தாழ 63 விழுக்காட்டினர் ஆதரித்தார்கள். பிள்ளைகள் கையில் மாம்பழச் சுவைக் குழலைக் கண்ட பெற்றோருக்கும் வாக்குண்டு அல்லவா?

கேட்டவர்

விளக்கத்துக்கு நன்றி. அப்படியானால் 2020 ஆணையால் உண்மையில் பயனடைந்தவர்கள் கடைக்காரர்கள்தானா?

மறுமொழி 2

அவர்கள் மட்டும் அல்லர். ஒருமுறை பயன்படுத்தி எறியும் வகைகளையும் அந்த ஆணை விட்டுவைத்தது. உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் மின்சிகரெட் பிடிப்போரிடையே அவ்வகையைப் பயன்படுத்தியவர்கள் 2019இல் 2.4 விழுக்காடு, 2020இல் 26.5. என் மைத்துனர் நிரப்பிப் பயன்படுத்தும் கருவியைத்தான் இன்றும் வைத்திருக்கிறார்.