பாக்தாத் யூதர்களும் பாலஸ்தீன அகதிகளும்: "கணக்கு நேர்" என்பது சரியா?

இளவேனில்:

வணக்கம். கல்லூரி நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாரமாகச் சண்டை. ஒருவன், "இஸ்ரேலில் இருப்பவர்கள் எல்லாருமே போலந்திலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் வந்து குடியேறிய வெள்ளைக்காரர்கள்" என்கிறான். இன்னொருவன், "பாதிப் பேர் ஈராக், ஏமன், மொராக்கோவிலிருந்து விரட்டப்பட்டு வந்தவர்களின் வாரிசுகள். அந்தப் பக்கம் போன பாலஸ்தீனர்கள் ஏழு லட்சம், இந்தப் பக்கம் வந்த யூதர்கள் எட்டு லட்சம். கணக்கு நேர், விஷயம் முடிந்தது" என்கிறான். நடுவில் 1492-இல் ஸ்பெயின் துரத்திய செபார்டிக் யூதர்களையும் இழுத்துவிட்டார்கள். இரண்டு பேர் சொல்வதிலும் பாதி சரி, பாதி தப்பு என்று தோன்றுகிறது. எந்தப் பாதி என்றுதான் பிடிபடவில்லை. திட்டாமல் சொல்லுங்கள்.

பழைய வாசகன்:

ஸ்பெயின் பக்கத்தை மட்டும் நான் சொல்லிவிடுகிறேன்.

1492 மார்ச் 31 அன்று கிரானடாவின் அல்ஹம்ப்ராவில் ஃபெர்டினாண்டும் இசபெல்லாவும் ஆணையில் கையெழுத்திட்டார்கள். ஜூலை முடிவதற்குள் மதம் மாற வேண்டும், இல்லையென்றால் நாட்டைவிட்டுப் போக வேண்டும். நிறையப் பேர் பக்கத்துப் போர்ச்சுகலுக்கு ஓடினார்கள். ஐந்தே வருடத்தில், 1497-இல், அங்கே கட்டாய ஞானஸ்நானம். மற்றவர்கள் மொராக்கோ, இத்தாலி, அப்புறம் துருக்கி சுல்தான் இரண்டாம் பயாசித்தின் ராஜ்யம் என்று சிதறினார்கள். இன்றைக்கு கிரீஸில் இருக்கும் சலோனிக்கா அப்படித்தான் யூதர்களே பெரும்பான்மையாக இருந்த ஊரானது.

பாக்தாத் யூதர்களுக்கும் இந்த ஓட்டத்துக்கும் சம்பந்தமில்லை. அவர்கள் பாபிலோன் மன்னன் நெபுகாத்நேச்சார் காலத்திலிருந்தே அந்த மண்ணில் இருப்பவர்கள். யூத மத சட்ட விவாதங்களின் பெருநூலான பாபிலோனிய தல்மூத் தொகுக்கப்பட்டதே அங்கேதான். பிறகு எப்படி அவர்களையும் செபார்டி கணக்கில் சேர்க்கிறார்கள் என்றால், மத சட்டத்தால்தான். டொலேடோவில் பிறந்த யோசேஃப் காரோ, கலிலேயாவின் சஃபேத் ஊரில் உட்கார்ந்து எழுதிய சட்டத் தொகுப்பைக் கீழை நாட்டு யூதர்களும் ஏற்றுக்கொண்டார்கள். போலந்து யூதர்களுக்கு அதிலேயே கிராக்கோ ரபி (யூத மத குரு) ஒருவரின் திருத்தங்கள் தனி. பாஸ்கா வாரத்தில் அரிசி சாப்பிடலாமா கூடாதா என்பதில்கூட இரண்டு தரப்புக்கும் வேறு வேறு வழக்கம். இஸ்ரேலில் இன்றும் தலைமை ரபி இரண்டு பேர்: ஒருவர் அஷ்கெனாசி (போலந்து, ரஷ்யா பக்கத்து யூதர் மரபு), ஒருவர் செபார்டி.

கார்மேல்வாசி:

ஹைஃபாவில் ஓர் ஆய்வகத்தில் சில வருடம் வேலை பார்த்தவள் நான். வரலாறு என் துறை இல்லை, ஈஸ்ட் செல்களோடு காலம் தள்ளுகிறவள். ஆனாலும் இந்தக் கேள்விக்கு ஹைஃபா மாதிரி தோதான ஊர் கிடையாது.

முதலில் துறைமுகம். 1933-இல் பிரிட்டிஷார் புதிய துறைமுகத்தைத் திறந்தார்கள். சரக்கு ஏற்றி இறக்கத் தெரிந்த யூதத் தொழிலாளிகள் வேண்டும் என்று, தொழிற்சங்கக்காரரும் பின்னாளில் நகர மேயருமான அபா ஹுஷி நேரே சலோனிக்காவுக்குப் போய், அங்கிருந்த யூதச் சுமைதொழிலாளிகளைக் குடும்பத்தோடு கூட்டி வந்தார். சலோனிக்காவில் சனிக்கிழமையானால் துறைமுகமே மூடிக் கிடக்குமாம். வேலை முழுக்க அவர்கள் கையில் இருந்தது. வீட்டில் பேசியது லடினோ, அதாவது முன்னோர்கள் ஸ்பெயினிலிருந்து கொண்டுவந்த பழைய ஸ்பானிஷ். இப்படி முன்கூட்டியே வந்தவர்கள் பிழைத்தார்கள். அங்கேயே தங்கிவிட்டவர்களில் சுமார் 45,000 பேரை 1943-இல் நாஜிகள் ரயிலேற்றி ஆஷ்விட்ஸுக்கு அனுப்பினார்கள். யூதப் படுகொலை என்றால் போலந்து யூதர் கதை மட்டும் என்று நினைப்பவர்களுக்கு இதையும் சொல்லுங்கள்.

துறைமுகத்துக்கு மேலே, மலை ஏறத் தொடங்கும் இடத்தில் வாடி சலிப் என்ற பேட்டை. உங்கள் இரண்டாவது நண்பருக்கு நான் காட்ட நினைப்பது அந்த இடத்தைத்தான். அழகான கல் வீடுகள், வளைவு வைத்த ஜன்னல்கள். பல வீடுகளின் ஜன்னல்களைச் செங்கல்லும் சிமெண்ட்டும் வைத்து அடைத்திருப்பார்கள். பக்கத்துத் தெருவில் சனிக்கிழமைதோறும் பழைய சாமான் சந்தை. நான் அங்கே போனதே ஒரு மேஜை விளக்கு வாங்கத்தான்.

அந்த வீடுகளைக் கட்டியவர்கள் அரபுகள். 1948 ஏப்ரலில் யூதர்களின் ஹகானா படை ஹைஃபாவைப் பிடித்தது. சண்டைக்கு முன் நகரத்தில் சுமார் 70,000 அரபுகள் இருந்தார்கள். எல்லாம் ஓய்ந்தபோது மிஞ்சியது சில ஆயிரம். பெரும்பாலானோர் லெபனானுக்கும் பக்கத்து ஆக்கர் (அக்கா) நகருக்கும் போய்விட்டார்கள். திரும்பி வர விடவில்லை. 1950-இல் சட்டம் போட்டு, "வராதவர் சொத்து" என்று வீடுகளை அரசு எடுத்துக்கொண்டது. காலியான வீடுகளில் பின்னர் குடிவைக்கப்பட்டவர்களில் நிறையப் பேர் மொராக்கோ யூதர்கள். ஒரு வீட்டை அறை அறையாகப் பிரித்து, அறைக்கு ஒரு குடும்பம்.

1956-க்குப் பிறகு போலந்திலிருந்து யூதர்கள் வந்தார்கள். அவர்களுக்கு நல்ல குடியிருப்புகள் கிடைத்தன. கீழே இருந்தவர்கள் இதைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தார்கள். 1959 ஜூலையில் ஒரு காபிக் கடைத் தகராறில் போலீஸ் ஒரு மொராக்கோக்காரரைச் சுட்டது. அவர் செத்துவிட்டார் என்று வதந்தி. (சாகவில்லை, பலத்த காயம்.) மறுநாள் வாடி சலிப் பற்றி எரிந்தது. ஊர்வலம் மேல் ஊருக்கு ஏறி, கடைகளையும் கார்களையும் உடைத்தது. அதன் பின் அந்தப் பேட்டையையே அரசு படிப்படியாகக் காலி செய்துவிட்டது. அடைத்த ஜன்னல்களின் கதை இதுதான்.

எருசலேமில் முஸ்ராராவும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான். அரபுகள் போன வீடுகள், அங்கே வட ஆப்பிரிக்க யூதர்கள். 1971-இல் அந்தத் தெருப் பையன்கள் "கருஞ்சிறுத்தைகள்" என்று இயக்கம் கட்டினார்கள். பெயர் அமெரிக்கக் கறுப்பர்களிடமிருந்து எடுத்தது. அவர்களைச் சந்தித்த பிரதமர் கோல்டா மேயர், "அவர்கள் நல்ல பையன்கள் இல்லை" என்றார். மறுவருடம் பணக்கார ரெஹாவியா வீட்டு வாசல்களிலிருந்து பால் பாட்டில்களைத் தூக்கி ஏழைக் குடியிருப்பில் கொடுத்தார்கள். உங்கள் நாய் பூனைகளைவிட எங்கள் குழந்தைகளுக்குப் பால் தேவை என்கிற மாதிரி ஒரு சீட்டையும் வைத்துவிட்டு. எனக்கு அந்தச் சீட்டு ரொம்பப் பிடிக்கும்.

ஆக, இளவேனில், முதல் நண்பர் சொல்வது தப்பு. பாதி நாட்டைக் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கிவிடுகிறார். இரண்டாவது நண்பரின் தகவல் சரி, முடிவு தப்பு. மொராக்கோவின் யூதர் வீட்டைப் பறித்தது ஹைஃபாவின் அரபு குடும்பம் இல்லை. குப்பனிடம் சுப்பன் பட்ட கடனை மாடசாமியின் வயலை எடுத்து நேர் செய்தால் அதற்குப் பெயர் கணக்கா? அதுவும் மாடசாமி பேரேட்டில் எங்குமே கையெழுத்துப் போடாதபோது.

இந்த "நேர்" வாதம் எப்போது வந்தது என்பதும் பார்க்க வேண்டியது. 1950 மார்ச்சில் ஈராக் ஒரு சட்டம் போட்டது: குடியுரிமையை விட்டுக்கொடுக்கும் யூதர் நாட்டைவிட்டுப் போகலாம். லட்சத்துக்கு மேல் பெயர் கொடுத்தார்கள். அவர்கள் விமானத்துக்குக் காத்திருக்கும்போதே, 1951 மார்ச்சில், அவர்களுடைய சொத்தை முடக்கி இன்னொரு சட்டம். அடுத்த சில நாட்களில் இஸ்ரேல் வெளியுறவு அமைச்சர் மோஷே ஷாரெட் நாடாளுமன்றத்தில் எழுந்து, ஈராக்கில் முடக்கிய சொத்தின் மதிப்பை, பாலஸ்தீன அகதிகளுக்கு நாம் தர வேண்டிய இழப்பீட்டுக் கணக்கில் சேர்த்துக்கொள்வோம் என்றார். சொத்தை இழந்த பாக்தாத்காரரை யாரும் கேட்கவில்லை.

எங்கள் ஆய்வகக் கிடங்கைப் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் பாக்தாதில் பிறந்தவர். லோத் விமான நிலையத்தில் இறங்கியதும் தலையில் டிடிடி பொடி தூவினார்கள், பிறகு கூடார முகாம் என்று சொல்வார். இந்தப் பேச்சு வந்தாலே அவருக்கு மூக்கு சிவந்துவிடும். "எங்க அப்பா வீட்டுக்குக் கணக்கு எழுத ஷாரெட் யார்?" என்பார். அகதி என்று கூப்பிட்டாலும் பிடிக்காது. அதே முகாமிலிருந்து வந்த அவருடைய தங்கைக்கோ, தங்களை அகதி என்று உலகம் ஒத்துக்கொள்ளவில்லையே என்று ஆதங்கம். ஒரே வீட்டில் இரண்டு அபிப்பிராயம்.

தீக்குச்சி:

கார்மேல்வாசி அக்கா நடுநிலை என்ற பெயரில் பூசி மெழுகுகிறார். அரபு நாடுகளில் யூதர்கள் ராஜா மாதிரி வாழ்ந்தார்கள். யூதர்களுக்குத் தனி நாடு கேட்ட சியோனிசம் வந்துதான் கெடுத்தது. பாக்தாதில் யூதக் கோயிலில் குண்டு வைத்ததே இஸ்ரேல் ஏஜெண்டுகள்தான், ஆட்களைப் பயமுறுத்தி வரவழைக்க.

கார்மேல்வாசி:

தீக்குச்சி தம்பி, நல்லா வாழ்ந்தார்கள் என்பதில் உண்மை இருக்கிறது. ஈராக்கின் முதல் நிதியமைச்சர் சசூன் எஸ்கெல் ஒரு யூதர். 1932-இல் கெய்ரோவில் அரபு இசை மாநாடு நடந்தபோது, ஈராக் அனுப்பிய குழுவில் பாடகர் முகமது அல்குப்பாஞ்சி முஸ்லிம், பின்னால் வாசித்தவர்கள் யூதர்கள். அரபு இசையில் பெரிய பெயர் எடுத்த சாலிஹ், தாவூத் அல்குவைதி சகோதரர்கள் இஸ்ரேல் வந்த பிறகு டெல் அவிவின் ஏழைப் பேட்டை ஒன்றில் பாத்திர பண்டக் கடை வைத்துப் பிழைத்தார்கள். வானொலியின் அரபு நிகழ்ச்சியில் வாசித்ததோடு சரி.

ஆனால் 1941 ஜூன் 1, 2 தேதிகளை என்ன செய்வீர்கள்? நாஜிகளோடு கைகோத்த ரஷீத் அலி அரசு கவிழ்ந்து ஆள் இல்லாத இரண்டு நாள். ஃபர்ஹூத் என்பார்கள். பாக்தாதில் சுமார் 180 யூதர்கள் கொல்லப்பட்டார்கள். பிரிட்டிஷ் படை ஊருக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்தது. பல யூதர்களை ஒளித்து வைத்துக் காப்பாற்றியது முஸ்லிம் அண்டை வீட்டார் என்பதும் உண்மை. இஸ்ரேல் பிறக்க அப்போது ஏழு வருடம் இருந்தது. 1945-இல் லிபியாவின் திரிபோலியில் 130-க்கு மேல் யூதர்கள் செத்தார்கள். 1948 செப்டம்பரில் பஸ்ராவில் ஷஃபீக் அதெஸ் என்ற பணக்கார யூத வணிகரைத் தூக்கில் போட்டார்கள். சியோனிசத்தோடு ஒட்டாதவர் என்று பெயர் எடுத்தவர் அவர். அவரையே விடவில்லை என்றால் நாம் எம்மாத்திரம் என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள்தானே?

குண்டு விஷயம் இன்றுவரை சர்ச்சை. குண்டு வைத்ததாக ஈராக் இரண்டு யூதர்களைத் தூக்கிலிட்டது, தனக்குப் பங்கில்லை என்று இஸ்ரேல் மறுக்கிறது. ஆனால் நாட்டைவிட்டுப் போகப் பெயர் கொடுத்தவர்களில் பெரும் பகுதி 1951 ஜனவரிக் குண்டுக்கு முன்பே கொடுத்துவிட்டார்கள். ஒரு குண்டில் எல்லாவற்றையும் அடைக்க முடியாது.

நாடு நாடாகப் பார்க்காமல் "விரட்டப்பட்டார்கள்" என்றோ "தானாக வந்தார்கள்" என்றோ ஒரே வார்த்தையில் சொன்னால் இரண்டுமே பொய்யாகிவிடும். 1956 சூயஸ் போருக்குப் பின் எகிப்து செய்தது பச்சையான வெளியேற்றம். மொராக்கோவில் அப்படி ஆணை எதுவும் இல்லை. பயம், வறுமை, இஸ்ரேல் ஆள் அனுப்பியது, எருசலேம் மீதான பக்தி எல்லாம் கலந்து அங்கே வேலை செய்தன.

பழைய வாசகன்:

ஒரு பின்னிணைப்பு. 2015-இல் ஸ்பெயின் சட்டம் போட்டு, 1492-இல் போனவர்களின் வாரிசுகளுக்குக் குடியுரிமை தந்தது. வம்சச் சான்று, மொழித் தேர்வு எல்லாம் உண்டு. 2019-இல் கதவை மூடும்போது 1,30,000-க்கு மேல் விண்ணப்பம். கொலம்பியா, மெக்சிகோ, வெனிசுவேலாவிலிருந்து வந்தவை நிறைய. ஆனால் அதே ஸ்பெயின் 1609-க்கும் 1614-க்கும் இடையில் சுமார் மூன்று லட்சம் மொரிஸ்கோக்களை, அதாவது கட்டாயமாகக் கிறிஸ்தவர் ஆக்கப்பட்ட முஸ்லிம்களின் வழிவந்தவர்களை, வெளியேற்றியது. அவர்களுடைய வாரிசுகளுக்கு அந்தச் சட்டம் இல்லை.

தீக்குச்சி:

அப்போ 500 வருடத்துக்கு முன்னால் போனவனுக்கு பாஸ்போர்ட், 1948-இல் போன பாலஸ்தீனன் பழைய வீட்டுச் சாவியை வைத்துக்கொண்டு லெபனான் முகாமில் உட்கார வேண்டுமா?

கார்மேல்வாசி:

இந்தக் கேள்வி நியாயமானது தம்பி. ஐநா 194-ஆம் தீர்மானம் 1948 டிசம்பரிலேயே வந்துவிட்டது: சமாதானமாக வாழ விரும்பும் அகதிகள் திரும்பலாம், விரும்பாதவர்களுக்கு இழப்பீடு. இரண்டும் நடக்கவில்லை. இஸ்ரேல் தரப்பு பயம், அத்தனை பேரும் திரும்பினால் யூதர்கள் சிறுபான்மை ஆகிவிடுவார்கள் என்பது. அந்தப் பயத்தை நான் போலி என்று சொல்லமாட்டேன், அந்தப் பெரியவரோடு பேசியவள் என்பதால். ஆனால் பயம் இருக்கிறது என்பதால் மற்றவனின் வீட்டுப் பத்திரம் செல்லாமல் போகாது. இழப்பீடு என்று வந்தால் ஈராக் தர வேண்டியதை ஈராக் தரட்டும், இஸ்ரேல் தர வேண்டியதை இஸ்ரேல் தரட்டும். தனித்தனி ரசீது. என் நிலைப்பாடு அவ்வளவுதான்.

இளவேனில்:

எல்லாருக்கும் நன்றி. குழுவில் அப்படியே ஒட்டிவிட்டேன். இரண்டு பேருமே இப்போது என்னைத் திட்டுகிறார்கள். கார்மேல்வாசி அக்கா, ஒரு சின்ன சந்தேகம்: அந்த லடினோவை இன்னும் யாராவது பேசுகிறார்களா?

கார்மேல்வாசி:

பேசுகிறார்கள், பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர்கள். இஸ்தான்புல்லில் வரும் "ஷாலோம்" என்ற யூத வாரப் பத்திரிகையில் ஒரு பக்கம் லடினோ உண்டு. 2005-இலிருந்து "எல் அமனேசெர்" என்று மாத இணைப்பும் முழுக்க லடினோவிலேயே வருகிறது. முன்பெல்லாம் எபிரேய எழுத்தில்தான் எழுதினார்கள், இப்போது லத்தீன் எழுத்து. எங்கள் ஆய்வகத்தில் அர்ஜென்டினாப் பெண் ஒருத்தி இருந்தாள். அதை வாங்கி ஒரு பக்கம் கடகடவென்று படித்துவிட்டு, "எங்க பாட்டியோட பாட்டி பேசுற மாதிரி இருக்கு" என்றாள்.