‘விலக்கு மருந்து’ வேண்டாமே

> டிஸ்கன்டினியூட் டிரக் என்பதற்கு ‘விலக்கு மருந்து’ என்று வைக்கலாமா? சுருக்கமாக இருக்கிறது.

ஐயா, தயாரிப்பு நின்றுபோன மருந்துக்கு ஒரு சொல் என்ற வகையில் சுருக்கம் சரிதான். ஆனால் மதுரைப் பக்கம் ‘விலக்கு’ ஏற்கெனவே இரண்டு வேலை பார்க்கிறது. ஒன்று, மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குப் பாதை பிரியும் இடம். தேனி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு க.விலக்கில்தான் இறங்க வேண்டும். இன்னொன்று, வீட்டுக்கு விலக்கு. நம் மருந்துப் பட்டியலில் இந்தச் சொல் வரும் பதிவோ டையெத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால், மாதவிடாய்க் கோளாறுக்குக் கொடுத்த செயற்கை ஈஸ்ட்ரோஜன் (பெண் ஹார்மோன்). நேற்று வரைவைச் சத்தமாக வாசித்தபோது அடுப்படியிலிருந்து சின்னம்மா கேட்டார்: “அழகர் ஆத்துல இறங்குறப்போ தள்ளிப்போடப் போடுவாங்களே, அந்த மாத்திரையா?” அது நோரெதிஸ்டிரோன், வேறு வகை என்று விளக்குவதற்குள் குழம்பு கொதித்து வழிந்துவிட்டது.

அடுத்து ‘நின்ற மருந்து’. “எனக்கு நின்னுபோச்சு” என்றால் இங்கே என்ன பொருள் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த வயதில் வரும் உடல் வெக்கைக்கும் இதே டையெத்தில்ஸ்டில்பெஸ்ட்ராலைத்தான் கொடுத்தார்கள். பதிவு விடுகதையாகிவிடும்.

‘தடை மருந்து’ பொருளிலேயே பிழை. 1938-இல் இங்கிலாந்தில் சார்லஸ் டாட்ஸும் கூட்டாளிகளும் உருவாக்கியது இந்த ஈஸ்ட்ரோஜன். காப்புரிமை இல்லாததால் ஏகப்பட்ட கம்பெனிகள் செய்து விற்றன. கருச்சிதைவைத் தடுக்கும் என்று நம்பிக் கர்ப்பிணிகளுக்கும் கொடுத்தார்கள். தடுக்கவில்லை என்று 1953-இல் சிகாகோ ஆய்வு காட்டிய பிறகும் விடவில்லை. 1971-இல் பாஸ்டன் மருத்துவர்கள், அரிய வகை யோனிப் புற்றுநோய் வந்த இளம்பெண்கள் எட்டுப் பேரை ஆராய்ந்தார்கள். ஏழு பேருடைய தாய்மார் கர்ப்பத்தில் இதைச் சாப்பிட்டவர்கள். கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று அமெரிக்க அரசு அந்த ஆண்டே எச்சரித்தது. முழுத் தடை போடவில்லை. புராஸ்டேட் புற்றுநோய்க்கு அப்புறமும் ஓடிய மருந்து, பின்னால்தான் அங்கே தயாரிப்பு நின்றது.

அக்கா சொன்ன ‘ஒழிமருந்து’, மன்னிக்கணும், உரக்கடையில் விற்பது மாதிரி இருக்கிறது.

என் ஓட்டு ‘ஓய்ந்த மருந்து’. செல்லூரில் தறி ஓய்ந்தது என்கிறோமே, அந்த ஓய்தல். அங்கே யாரும் முழுத் தடை போடவில்லை, செய்வது நின்றது. வீரியம் போன மருந்து என்று சிலர் எடுத்துக்கொள்ளலாம். அதற்குத்தான் ‘காலாவதி’ இருக்கிறதே.

சின்னம்மாவிடமும் சொல்லிப் பார்த்தேன். “இப்ப வர்றதில்லையா அது?” என்றார்.