ஜப்பானில் சைவ உணவு: குடிபெயர்ந்து வந்தவர்களின் அனுபவங்கள்

எடோகாவா, டோக்கியோ

வேலைக்காக ஜப்பானுக்குக் குடிவரப் போகும் சைவ உணவுக்காரர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, அங்கே காய்கறி கிடைக்குமா என்பதைத்தான். தாராளமாகக் கிடைக்கும். தெருமுனையில் இருக்கும் சாதாரணப் பல்பொருள் அங்காடியில்கூட டோஃபுவுக்கென்றே ஓர் அடுக்கு முழுவதையும் ஒதுக்கியிருப்பார்கள். கெட்டியானது, இளகியது, பொரித்தது, சோயாப் பாலின் ஆடையை எடுத்துச் செய்த யூபா என்று வகைவகையாக இருக்கும். காளானும் கீரையும் கிழங்கும் அப்படியே. நாம் இங்கே கேட்டுப் பழக வேண்டிய கேள்வி வேறு. அந்தக் காய் எந்தச் சாற்றில் வெந்தது என்பதே அது.

ஜப்பானியச் சமையலுக்கு அடிப்படை, தாஷி என்னும் தெளிந்த சாறு. புகையிட்டு உலர்த்திய சூரை வகை மீனைச் சீவலாக்கிய கட்சுவோபுஷி, நெத்திலியை அவித்துக் காயவைத்த நிபோஷி, கொம்பு எனப்படும் கடற்பாசி, உலர்ந்த ஷியிடாக்கே காளான் ஆகியவற்றில் ஒன்றையோ பலவற்றையோ சேர்த்து அதைத் தயாரிக்கிறார்கள். உணவகங்களில் பெரும்பாலும் கட்சுவோபுஷி அதில் இருக்கும். மிசோ என்னும் புளித்த சோயா விழுதில் செய்த சூப், உடோன் நூடுல்ஸ், மாவில் தோய்த்துப் பொரித்த டெம்புராவுக்குத் தொட்டுக்கொள்ளும் சாறு, பதமாக வேகவைத்த முள்ளங்கி, நீர் பிழிந்த கீரை என்று தட்டில் மீன் துண்டு எதுவும் கண்ணில் படாத பண்டங்கள் எல்லாவற்றிலும் அது கலந்திருக்கிறது. சமைப்பவரைப் பொறுத்தவரை அது உப்பையும் சர்க்கரையையும் போன்ற ஒரு சுவையூட்டி. ஆகவே "மீன் இருக்கிறதா?" என்று கேட்டால் அவர் இல்லை என்று மனதறிந்து உண்மையாகவே சொல்கிறார். இதை ஏமாற்று என்று வருத்தப்பட்டு எழுதும் நண்பர்களிடம் நான் எப்போதும் சொல்வது, நம்முடைய கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும் என்பதுதான்.

இதற்கு ஒரு பழைய காரணமும் உண்டு. கி.பி. 675-இல் தென்மு பேரரசர் மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகியவற்றின் இறைச்சியை உண்பதற்குத் தடை விதித்தார். மீன் அந்தப் பட்டியலில் இல்லை. பிற்காலத்திலும் பௌத்தத்தின் செல்வாக்கால் இறைச்சியைத் தவிர்த்தவர்கள்கூட மீனை உண்டார்கள். 1872-இல் மெய்ஜி பேரரசர் தாமே மாட்டிறைச்சி உண்டதாக அறிவிக்கப்பட்ட பிறகுதான் இறைச்சி பரவலாக ஏற்கப்பட்டது. இறைச்சி உண்பதில்லை என்று சொன்னால், அப்படியானால் மீன் தரலாம் என்று இங்குள்ளவர்கள் இயல்பாகவே எண்ணுவதற்கு அவ்வளவு நீண்ட வரலாறு பின்னணியில் இருக்கிறது.

நான் கையில் வைத்திருப்பது ஜப்பானிய மொழியில் எழுதிய ஒரு சிறு அட்டை. சைவம் என்ற பொதுச்சொல் அதில் கிடையாது. இறைச்சி, கோழி, மீன், இறால், கட்சுவோபுஷி, நிபோஷி, இவற்றின் சாறு, கொழுப்பு ஆகியவற்றை உண்பதில்லை என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எழுதியிருக்கிறேன். அதற்குக் கீழே, பால், சோயா சாஸ், எள், எல்லாக் காய்கறிகளும் உண்பேன் என்று இருக்கிறது. இந்த இரண்டாம் பகுதி மிக முக்கியம் என்பது என் கருத்து. எதைத் தரக் கூடாது என்று மட்டும் தெரிந்தால் சமையல்காரர் கைபிசைந்து நிற்பார். எதைத் தரலாம் என்று தெரிந்தால் யோசிக்கத் தொடங்குவார்.

அலுவலகத்துக்குப் பக்கத்தில் முதியவர் ஒருவர் நடத்தும் சோபா கடை இருக்கிறது. சோபா என்பது பக்வீட் என்னும் தானியத்தின் மாவில் செய்யும் நூடுல்ஸ். அட்டையைக் கண்ணாடி போட்டுக்கொண்டு இருமுறை படித்தவர், உள்ளே போய்த் தொட்டுக்கொள்ளும் சாறு இருந்த குடுவையை எடுத்து வந்து காட்டி, இதில் கட்சுவோ இருக்கிறது, இது இல்லாமல் சோபா தர முடியாதே என்று வருந்தினார். சற்றுப் பொறுத்து, உப்பு தொட்டுச் சாப்பிடுவீர்களா என்று அவரே கேட்டார். மூங்கில் தட்டில் குளிர்ந்த சோபாவும், ஒரு சிட்டிகைக் கல்லுப்பும், துருவிய முள்ளங்கியும், பச்சை வசாபியும் வந்தன. சாறு இல்லாததால் பக்வீட்டின் மணம் தனியாகத் தெரிந்தது. கடைசியில் நூடுல்ஸ் வேகவைத்த நீரை வழக்கமாக மீதிச் சாற்றில் ஊற்றிக் குடிப்பார்கள். எனக்கு அதை வெறுமையாகவே சூடாக ஊற்றிக் கொடுத்தார். இப்போது நான் உள்ளே நுழைந்ததுமே உப்புக் கிண்ணத்தை எடுத்து வைத்துவிடுகிறார்.

சிலர், ஒவ்வாமை இருக்கிறது என்று சொல்லிவிட்டால் வேலை எளிதாகும் என்று அறிவுரை கூறுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஒவ்வாமை என்ற சொல்லைக் கேட்டதும், ஒரே பாத்திரமும் ஒரே எண்ணெயும் புழங்கும் சிறிய கடைக்காரர் பொறுப்பேற்க அஞ்சி உங்களைத் திருப்பி அனுப்பிவிடுவார். அதைவிட, உண்மையிலேயே உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை உள்ளவர் சொல்லும்போது அந்தச் சொல்லுக்குள்ள கனம் குறைந்துவிடக் கூடாது.

பொட்டலங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவற்றின் மேல் ஒவ்வாமைப் பொருள்களைக் குறிக்கும் கட்டத்தை மட்டும் பார்த்து நிம்மதி அடைய முடியாது. முட்டை, பால், இறால், நண்டு போன்றவற்றைக் குறிப்பிடுவது கட்டாயம். மாட்டிறைச்சி, கோழி, பன்றி, ஜெலட்டின் ஆகியவற்றைக் குறிப்பிடுவது பரிந்துரை மட்டுமே. கட்சுவோ அந்தப் பட்டியலிலேயே இல்லை. ஆகவே மூலப்பொருள் வரிசையை முழுவதும் படித்தாக வேண்டும். நாத்தோ என்பது புளிக்கவைத்த சோயா. ஆனால் பெட்டிக்குள் இருக்கும் சிறிய சாஸ் பொட்டலத்தில் பெரும்பாலும் கட்சுவோ சாறு இருக்கும். அதை ஒதுக்கிவிட்டு, கூடவே வரும் கடுகு விழுதையும் சோயா சாஸையும் சேர்த்துக்கொள்ளலாம். கடைகளில் கட்டிகளாக விற்கும் கறி மசாலாவில் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ இருப்பது வழக்கம். மிசோவில், தாஷி கலந்தது என்று அட்டையில் போட்டிருப்பதை விட்டுவிட்டு வெறும் சோயா, அரிசி, உப்பு மட்டும் உள்ளதை வாங்குங்கள். ஜப்பானிய எழுத்து படிக்க வராதவர்கள், மீனைக் குறிக்கும் எழுத்தின் வடிவத்தை மட்டுமாவது மனதில் பதித்துக்கொள்ளுங்கள்: நடுவில் நான்காகப் பிரிந்த ஒரு கட்டம், அதன் அடியில் வரிசையாக நான்கு சிறு கீற்றுகள். பல மீன்களின் பெயர் எழுத்துகளில் இடப்பக்கத்தில் இதே வடிவம் ஒட்டிக்கொண்டு வரும்.

யோகோஹாமா

மேலே எழுதிய அண்ணாவுக்கு நன்றி. உணவகத்தைத் தவிர்த்துவிட்டு வீட்டிலேயே சமைத்துக்கொள்ளலாம். ஆனால் பிள்ளைகளின் பள்ளிச் சாப்பாட்டைத் தவிர்க்க முடியாது. குடும்பத்தோடு வருபவர்களுக்கு உதவும் என்பதால் எங்கள் அனுபவத்தை எழுதுகிறேன்.

தொடக்கப் பள்ளிகளில் மதிய உணவு என்பது இங்கே வெறும் சாப்பாடு அன்று. அது பாடத்தின் ஒரு பகுதி. பிள்ளைகளே வெள்ளை மேலங்கியும் தொப்பியும் அணிந்து வகுப்புக்குப் பரிமாறுகிறார்கள், ஆசிரியரும் அவர்களோடு அமர்ந்து அதையே உண்கிறார். எல்லோரும் ஒன்றையே உண்ணும் இடத்தில் தன் பிள்ளை மட்டும் வேறு டப்பாவைத் திறப்பதை எண்ணி எந்தத் தாய்க்கும் கலக்கம் வரும். எனக்கும் வந்தது.

மாதத் தொடக்கத்திற்கு முன்பே அந்த மாதத்தின் உணவு அட்டவணையை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஒவ்வொரு நாளுக்கும் உரிய மூலப்பொருள்கள் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்று கட்டங்களில் பிரிக்கப்பட்டிருக்கும்: உடலை வளர்ப்பவை சிவப்பில், ஆற்றல் தருபவை மஞ்சளில், உடலைச் சீராக வைப்பவை பச்சையில். நான் சிவப்புக் கட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, டோஃபு, பால் போன்றவை மட்டும் இருந்த நாள்களுக்குப் பச்சை நிறத்திலும் மீனோ இறைச்சியோ இருந்த நாள்களுக்கு வேறு நிறத்திலும் கோடிட்டு, அந்தத் தாளோடு வகுப்பாசிரியரையும் ஊட்டச்சத்து ஆசிரியரையும் சந்தித்தேன். எங்கள் பிள்ளை எதை உண்பதில்லை, அது எங்கள் குடும்ப நெறி, மருத்துவக் காரணம் அன்று என்பதை மொழிபெயர்ப்பாளர் வழியாகத் தெளிவாகச் சொன்னோம். ஊட்டச்சத்து ஆசிரியர் அந்தத் தாளைப் பார்த்ததும் தம் பேனாவை எடுத்து, நான் பச்சைக் கோடிட்ட நாள்களிலும் சூப்பின் தாஷி எதில் செய்யப்படுகிறது என்பதை ஓரத்தில் குறித்துக் கொடுத்தார். கோடிட்ட தாள் இல்லாமல் வாயால் மட்டும் கேட்டிருந்தால் இவ்வளவு நுணுக்கமான பதில் கிடைத்திருக்காது என்று நம்புகிறேன்.

முடிவில், சோறும் பாலும் பழமும் பள்ளியில் எடுத்துக்கொள்வது, குழம்பு வகையும் துணைக்கறியும் வீட்டிலிருந்து கொண்டுபோவது என்று ஏற்பாடானது. பள்ளிக்குப் பள்ளி இது மாறும். சில இடங்களில் முழுச் சாப்பாட்டையும் வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்கிறார்கள். நான் இன்னொன்றும் செய்கிறேன். அட்டவணையில் அன்று பூசணிக் கறி என்றால் நானும் பூசணிக் கறியே செய்து கொடுக்கிறேன், கொம்புச் சாற்றில். பிள்ளையின் தட்டு அடுத்த பிள்ளையின் தட்டைப் போலவே இருக்கும். இது கூடுதல் உழைப்புதான். ஆறு வயதுப் பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதைப் பார்த்த பிறகு உழைப்பாகத் தோன்றவில்லை.

ஒசாகா

பெற்றோர் ஊரிலிருந்து வந்திருந்தபோது அவர்களைக் கோயா மலைக்கு அழைத்துச் சென்றேன். வகாயாமா மாவட்டத்தில், 816-இல் பேரரசரின் அனுமதி பெற்றுத் துறவி கூகாய் நிறுவிய பௌத்த மடங்களின் ஊர் அது. நம்பா நிலையத்தில் ரயில் ஏறி, கடைசியில் கேபிள் காரில் மலையேற வேண்டும். மடங்களிலேயே இரவு தங்கலாம்.

அங்கே பரிமாறப்படும் ஷோஜின் ரியோரி என்னும் மடத்துச் சமையலில் மீனும் இறைச்சியும் இல்லை என்பதோடு வெங்காயம், பூண்டும் இல்லை; சாறுகூடக் கொம்பிலும் காளானிலும் செய்தது. வெங்காயம் பூண்டு சேர்க்காத என் தாயார், இந்த நாட்டில் எந்தக் கேள்வியும் கேட்காமல் உண்ட முதல் உணவு அதுவே. எள்ளை அரைத்துக் குட்ஸு என்னும் கொடியின் கிழங்கு மாவோடு கிளறி உறையவைத்த எள் டோஃபுவையும், உறைபனியில் வைத்து உலர்த்திய கோயா டோஃபுவையும் அவர் மிகவும் விரும்பினார். முன்பதிவு செய்யும்போது மட்டும், உணவு முழுவதும் ஷோஜின் முறைதானா என்று எழுதிக் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

செண்டாய்

நான் மேற்படிப்புக்காக வந்திருக்கிறேன். மாட்டு நாக்குக்குப் பெயர்போன ஊர் இது. பச்சை சோயா மொச்சையை மசித்துச் செய்யும் சுண்டா மோச்சி என்ற இனிப்பைத் தவிர இந்த ஊரின் சிறப்புப் பண்டம் எதையும் என்னால் உண்ண முடியவில்லை. டோக்கியோவில் ஷின்-ஓகுபோவிலும் நிஷி-கசாயிலும் பருப்பும் மசாலாவும் கிடைக்கும் என்கிறார்கள். எனக்கு அவை இணையவழியில்தான் வருகின்றன. விடுதி அறையில் இருப்பது ஒற்றை மின்னடுப்பு. நாள்தோறும் எளிதாகச் செய்துகொள்ளக்கூடிய சாற்றை அண்ணா விளக்கினால் நன்றியுடன் இருப்பேன். வெளியே சாப்பிட வேறு வழி உண்டா என்பதையும் சொல்லுங்கள்.

எடோகாவா, டோக்கியோ

தம்பி, வெளியே சாப்பிடுவதைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். சைவ உணவுக்கும் முழுத் தாவர உணவுக்கும் 2022-இல் ஜப்பானிய வேளாண் தர நிர்ணயம் வந்திருக்கிறது; உணவகங்களுக்கும் அது உண்டு. ஆனால் அது விரும்பியவர்கள் பெறும் சான்றுதான் என்பதால் அதை நம்பி மட்டும் ஊரைச் சுற்ற முடியாது. மதிய நெரிசலில் போய்க் கேட்காமல், முதல் நாளே எழுதிக் கேளுங்கள். யோசிக்க நேரம் கிடைத்தால் இங்குள்ள சமையல்காரர்கள் மிகுந்த அக்கறையோடு செய்து தருவார்கள்.

சாற்றுக்கு ஒரு லிட்டர் நீரில் பத்து கிராம் கொம்பையும் நான்கைந்து உலர்ந்த ஷியிடாக்கேயையும் போட்டுக் குளிர்பெட்டியில் இரவு முழுவதும் வைத்துவிடுங்கள். கொம்பின் மேல் படிந்திருக்கும் வெண்மையைக் கழுவ வேண்டாம், ஈரத்துணியால் லேசாகத் துடைத்தால் போதும். காலையில் சிறு தீயில் ஏற்றி, கொதி வருமுன் கொம்பை எடுத்துவிடுங்கள். விட்டுவிட்டால் வழவழப்பும் கசப்பும் இறங்கிவிடும். காளான் கொதிக்கலாம். 1908-இல் வேதியியலாளர் இக்கேதா கிகுனாயே கொம்பிலிருந்துதான் குளுட்டமேட் என்னும் சுவைப்பொருளைப் பிரித்தெடுத்து, அது தரும் சுவைக்கு உமாமி என்று பெயரிட்டார். உலர்ந்த ஷியிடாக்கேயில் குவானிலேட் என்ற வேறொரு பொருள் இருக்கிறது. இரண்டும் சேரும்போது சுவை பல மடங்கு கூடும். மீன் சேர்த்த சாற்றிலும் நடப்பது இதே வகைக் கூட்டுதான் என்பதால், மீனில்லாத சாறு சப்பென்று இருக்கும் என்று யாராவது சொன்னால் கவலைப்படாதீர்கள்.

கொம்பில் அயோடின் மிக அதிகம். தைராய்டு தொந்தரவு இருந்தால் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, காளானை மட்டும் வைத்துச் செய்யுங்கள். சாறு குளிர்பெட்டியில் இரண்டு மூன்று நாள் கெடாமல் இருக்கும். எடுத்துப்போட்ட கொம்பை வீசிவிடாமல் மெல்லிய கீற்றாக நறுக்கி, சோயா சாஸும் சிறிது சர்க்கரையும் எள்ளும் சேர்த்து நீர் வற்றும் வரை சுண்டவைத்தால் சூடான சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள ஒரு வாரத்துக்கு வரும்.