பால்டிமோர் ஓரியோல்ஸ்: பையன்கள் வந்தாச்சு, எத்தனை வருஷம் இருப்பாங்க?

எட்டாம் இன்னிங்ஸ்

அடுத்த ஐந்து வருஷத்து ஓரியோல்ஸ் பேஸ்பால் அணி எப்படி இருக்கும், வந்த கூட்டம் தங்குமா என்பதற்கான இழை. "நான் 1983ல் பார்த்தேன்" வகைக் கதைகள் வேண்டாம். தெரிந்த நடைமுறையை எண்ணோடு எழுதுங்கள்.

புதியவர்களுக்குப் பின்னணி. 2018ல் 47 வெற்றி, 115 தோல்வி. அந்த நவம்பரில் மைக் எலியாஸ் ஹூஸ்டனிலிருந்து பொது மேலாளராக வந்தார். 2021லும் 110 தோல்வி. 2022ல் 83 வெற்றி, 2023ல் 101 வெற்றியோடு டிவிஷன் பட்டம் (தங்கள் பிரிவில் முதலிடம்), 2024ல் 91. ஆனால் சீசன் முடிந்தபின் வரும் பட்டச் சுற்றான பிளேஆஃபில் 2023ல் டெக்சஸிடம் மூன்றுக்கு மூன்று தோற்றார்கள், 2024ல் கன்சாஸ் சிட்டியிடம் இரண்டுக்கு இரண்டு. 2025ல் 75 வெற்றி மட்டுமே. மே மாதமே மேனேஜர் பிராண்டன் ஹைடை அனுப்பிவிட்டார்கள்.

கூட்டமும் இதே கோட்டில்தான் ஏறி இறங்கியது. 2019 ஏப்ரல் 8 அன்று சொந்த மைதானமான கேம்டன் யார்ட்ஸில் 6,585 டிக்கெட். அந்த சீசன் மொத்தமே 13 லட்சம் சொச்சம். 2023ல் 19 லட்சத்தைத் தாண்டியது, 2024ல் 22 லட்சத்தை. 2025ல் மறுபடி இறங்குமுகம்.

கணக்குப்பிள்ளை

அணியின் எதிர்காலத்தைத் திறமையை வைத்துப் பார்ப்பதற்கு முன்னால் காலண்டரை வைத்துப் பார்க்கணும். ஒரு சீசன் ஏறக்குறைய 187 நாள். அதில் 172 நாள் மேஜர் லீக் (உச்ச மட்ட லீக்) பட்டியலில் இருந்தால் ஒரு வருஷ சர்வீஸ். மூன்று வருஷம் ஆனால் சம்பளத் தீர்ப்பாயத்துக்குப் போகும் உரிமை, ஆறு வருஷம் ஆனால் எங்கே வேண்டுமானாலும் போகலாம். அதுவரை முதல் மூன்று வருஷம் குறைந்தபட்சச் சம்பளத்தை ஒட்டித்தான் கைக்கு வரும். 2026ல் அது 7.8 லட்சம் டாலர்.

பழைய தந்திரம் இதுதான்: தயாராக இருக்கும் பையனை ஏப்ரலில் இரண்டு, மூன்று வாரம் மைனர் லீக்கிலேயே வைத்துவிட்டால் 172 எட்டாது, அணிக்கு ஏழாவது வருஷம் இலவசம். சிகாகோ கப்ஸ் 2015ல் கிரிஸ் பிரையன்டை ஏப்ரல் 17 அன்று ஏற்றியது, அவர் கணக்கு சரியாக 171 நாளில் நின்றது. முறையீடு செய்தார், 2020ல் தோற்றார்.

இதற்குத்தான் லீக்கும் வீரர் சங்கமும் போட்ட 2022 ஒப்பந்தத்தில் இரண்டு பூட்டு போட்டார்கள். சிறந்த புதுமுகம் ஓட்டெடுப்பில் முதல் இரண்டு இடம் பிடிப்பவருக்கு எப்போது ஏறியிருந்தாலும் முழு வருஷ சர்வீஸ். இன்னொன்று, திறமையான இளைஞர்களின் பெரிய பட்டியல்களில் இடம்பெற்ற புதுமுகத்தைச் சீசன் தொடக்கத்திலேயே ஏற்றி அவர் விருது வாங்கினால், அணிக்கு டிராஃப்டில் (புது வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் நாள்) கூடுதல் தேர்வு.

ஓரியோல்ஸில் இரண்டுமே நடந்தன. ஆட்லி ரட்ச்மன் 2022 மார்ச்சில் கைத்தசைக் காயம் பட்டு மே 21 அன்றுதான் வந்தார். நாள் கணக்குப்படி ஒரு வருஷம் தள்ளிப்போயிருக்க வேண்டும். ஓட்டில் இரண்டாமிடம், முழு வருஷம் கிடைத்துவிட்டது. அதனால் 2027 முடிந்ததும் அவர் சுதந்திரம். கன்னர் ஹென்டர்சனை அதே வருஷம் ஆகஸ்ட் 31 அன்று ஏற்றினார்கள். 130 முறை அடிக்க நிற்பதோ 45 நாளோ தாண்டினால் புதுமுகத் தகுதி போய்விடும். இரண்டுக்கும் உள்ளேயே நிறுத்தினார்கள். 2023ல் ஒருமனதாக விருது வாங்கினார், 2024 டிராஃப்டில் 32ஆவது இடம் ஓரியோல்ஸுக்கு வந்தது. அவர் கணக்கு 2028ல் முடிகிறது. ஜாக்சன் ஹாலிடே 2030.

மூன்று பேரும் சேர்ந்து ஆட மிச்சமிருக்கும் காலம் இவ்வளவுதான். "இளம் அணி, நிறைய நேரம் இருக்கு" என்பவர்கள் இந்த மூன்று எண்ணையும் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பச்சைப் புல்

ஹாலிடே கணக்கு ஏன் அவ்வளவு தள்ளி? 2024 ஏப்ரலிலேயே வந்துட்டாரே.

கணக்குப்பிள்ளை

வந்தார், போனார். ஏப்ரல் 10 அன்று ஏறினார், 34 முறை அடிக்க நின்று 2 ஹிட், 18 ஸ்டிரைக் அவுட். அப்போது வயது 20. பத்தே ஆட்டத்தில் மைனர் லீக் அணியான நார்ஃபோக்குக்குத் திருப்பி அனுப்பினார்கள். ஜூலை 31 அன்று திரும்ப வந்து, டொராண்டோவுக்கு எதிராக மூன்று பேஸிலும் ஆள் இருக்க ஒரே அடி, பந்து மைதானத்தை ஒட்டிய யூடா தெருவில் போய் விழுந்தது. நடுவில் போன மூன்று மாதம்தான் கணக்கைத் தள்ளியது.

டிராஃப்ட் அறை

டிராஃப்டில் எலியாஸ் செய்த வேலையைப் பலரும் "மோசமா தோத்தாங்க, முதல் தேர்வு கிடைச்சது" என்று முடித்துவிடுகிறார்கள். 2019ல் ரட்ச்மன், 2022ல் ஹாலிடே என இரண்டு முறை முதல் தேர்வு கிடைத்தது உண்மை. ஆனால் ஹென்டர்சன் 42ஆவது தேர்வு. ஜோர்டன் வெஸ்ட்பர்க் 30ஆவது. அடித்தளம் அங்கேதான்.

2020ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கொரோனா வருஷம், ஐந்தே சுற்று. ஒவ்வொரு தேர்வு இடத்துக்கும் லீக் ஒரு தொகை குறிக்கும். அவற்றின் கூட்டுத்தொகைதான் அணியின் பை. பையை 5 சதவீதத்துக்கு மேல் மீறினால் அடுத்த வருஷ முதல் சுற்றுத் தேர்வு பறிபோகும். இரண்டாம் இடத்துக்குக் குறித்தது ஏறக்குறைய 77.9 லட்சம் டாலர். எலியாஸ் அங்கே ஹெஸ்டன் கியர்ஸ்டாடை எடுத்து 52 லட்சத்துக்கு முடித்தார். மிச்சம் 25 லட்சத்துக்கு மேல். அதிலிருந்து நான்காம் சுற்றில் கோபி மேயோ என்ற பள்ளிக்கூடப் பையனுக்கு 17.5 லட்சம். அந்த இடத்துக்குக் குறித்ததைப்போல மூன்று மடங்கு அது. கல்லூரிக்குப் போயிருக்க வேண்டியவர் கையெழுத்துப் போட்டார்.

இதில் எங்கே அடிபடும்? மேலே எடுத்த ஆளே மலிவுத் தேர்வு என்பதால், அவர் சறுக்கினால் மொத்தக் கணக்கும் சறுக்கும். கியர்ஸ்டாடுக்கு டிராஃப்டுக்குப் பின் இதயத்தசை அழற்சி. 2022 ஜூனில்தான் முதல் ஆட்டமே ஆடினார். இப்படி ஒன்று வரும் என்று எந்தத் திறமை தேடுநரும் கண்டிருக்க முடியாது. ஆனால் பணத்தைப் பரப்பி வைத்திருந்ததால் அந்த வருஷம் முழுதாக வீணாகவில்லை.

இனி அடிமட்டத்தில் கிடந்து அள்ளும் வழியும் கிடையாது. 2023லிருந்து முதல் ஆறு இடமும் குலுக்கல். வருமானப் பகிர்வில் பணம் வாங்கும் அணி தொடர்ந்து மூன்றாவது வருஷம் குலுக்கல் இடம் பெற முடியாது. ஓரியோல்ஸ் செய்ததை இன்று இன்னொரு அணி நகலெடுத்தால் தோல்விதான் மிஞ்சும்.

முழங்கை

எல்லாம் சரி, பிட்ச்சர் (பந்து வீசுபவர்) எங்கே? 2019லிருந்து 2024 வரை முதல் சுற்றில் ஒரு பிட்ச்சரைக்கூட எடுக்கவில்லை. "அடிப்பவன் காயத்தில் தப்புவான், பிட்ச்சர் தப்பமாட்டான், பிட்ச்சரை வெளியே வாங்கிக்கலாம்" என்ற கணக்கு. காகிதத்தில் சரியான கணக்குதான். ஆனால் வாங்கவேண்டிய நேரத்தில் வாங்கணுமே.

அந்த ஆறு வருஷத்தில் ஒரே ஒருமுறை பெரிதாக வாங்கினார்கள். 2024 பிப்ரவரியில் மில்வாக்கியிலிருந்து கார்பின் பர்ன்ஸ். விலை டி.எல். ஹால், ஜோயி ஒர்டிஸ், டிராஃப்டில் 34ஆவது இடம். வருஷம் முழுக்கப் பிரமாதம். பிளேஆஃப் முதல் ஆட்டத்தில் எட்டு இன்னிங்ஸ் வீசி ஒரு ரன் கொடுத்தார், அணி 0-1 என்று தோற்றது! இரண்டாம் ஆட்டம் 1-2. இரண்டு ஆட்டத்தில் மொத்தமே ஒரு ரன் அடித்த "அடிப்பவர்கள் அணி" இது. பர்ன்ஸ் ஒரு வருஷ ஆள். அரிசோனா ஆறு வருஷம் 21 கோடி டாலர் கொடுத்துக் கூட்டிப்போனது.

அதற்குள் முழங்கைகள் வரிசையாகப் போயின. பெலிக்ஸ் பாவ்டிஸ்டாவுக்கு 2023 அக்டோபரில் டாமி ஜான் அறுவை (முழங்கைத் தசைநாரை மாற்றுவது), கைல் பிராடிஷுக்கு 2024 ஜூனில். இந்த அறுவை முடிந்து பந்து வீசும் மேட்டுக்குத் திரும்ப 12 முதல் 18 மாதம் பிடிக்கும். திரும்பிய முதல் வருஷம் இன்னிங்ஸ் எண்ணிக்கையையும் கட்டுப்படுத்துவார்கள். ஒரு அறுவை என்றால் பட்டியலில் இரண்டு சீசன் ஓட்டை என்று வையுங்கள். கிரேசன் ரோட்ரிகஸ் 2025ல் ஒரு ஆட்டம்கூட வீசவில்லை, நவம்பரில் டெய்லர் வார்டுக்காக ஏஞ்சல்ஸுக்குப் போனார்.

டிராஃப்ட் அறை

பர்ன்ஸ் போனது முழு நஷ்டமில்லை. அவரும் அடிப்பவர் ஆன்டனி சாண்டாண்டரும் விலகியதற்கு ஈடாக 2025 டிராஃப்டில் 30, 31 என அடுத்தடுத்து இரண்டு இடம் வந்தன. 30ல் எடுத்தது கேடன் போடைன் என்ற கேட்ச்சர் (பிட்ச்சர் வீசும் பந்தைப் பிடிப்பவர்). ஐந்தே மாதத்தில், இன்னும் சிலரோடு அவரை டம்பாவுக்குக் கொடுத்து ஷேன் பாஸ் என்ற பிட்ச்சரை வாங்கினார்கள். முன்பு சேர்த்து வைத்ததை இப்போது செலவழிக்கிறார்கள். பீட் அலோன்சோவுக்கு ஐந்து வருஷம் 15.5 கோடி கொடுத்ததும் அதே டிசம்பரில்தான்.

சாண்டாண்டர் பற்றி ஒரு வரி: 2016 டிசம்பரில் ரூல் 5 டிராஃப்டில் கிளீவ்லாந்திடமிருந்து எடுத்தவர். நாற்பது பேர் பட்டியலில் பாதுகாக்காமல் விட்ட ஆளை ஒரு லட்சம் டாலருக்கு எடுக்கலாம், ஆனால் சீசன் முழுக்க மேஜர் லீக் பட்டியலில் வைத்திருக்கணும். வெல்ல நினைக்கும் அணியால் இப்படி ஒரு இடத்தை வீணாக்க முடியாது. தோற்கிற அணியால் முடியும். அவர் 2024ல் 44 ஹோம் ரன் அடித்தார்.

பகுதி 86

கூட்டத்தைப் பற்றி யாரும் பேசலையே, நான் ஆரம்பிக்கிறேன்.

இந்த ஊர் ரசிகருக்குச் சத்தம் போடச் சொல்லித்தர வேண்டியதில்லை. தேசிய கீதத்தின் கடைசிப் பகுதியில் "ஓ" வரும் இடத்தில் மொத்த ஸ்டேடியமும் "ஓ!" என்று கத்தும். 1970களின் கடைசியில் அணியின் பழைய மெமோரியல் ஸ்டேடியத்தின் 34ஆம் பகுதியிலிருந்து வந்த பழக்கம். அங்கேதான் வைல்ட் பில் ஹேகி உடம்பை வளைத்து வளைத்து அணியின் பெயரை ஒவ்வொரு எழுத்தாகக் காட்டுவார். ஆகப் பழக்கம் இருந்தது, காலியாக இருந்தது இருக்கைதான்.

2018லேயே ஒரு நல்ல காரியம் செய்தாங்க. மேல்தட்டில் பெரியவர் ஒரு டிக்கெட் வாங்கினா, 9 வயசுக்கு உட்பட்ட பிள்ளைகள் இரண்டு பேர் இலவசம். 115 தோல்வி வருஷத்தில் ஆரம்பிச்சது என்பதைக் கவனிங்க. அன்னிக்கு எட்டு வயசில் உட்கார்ந்த பிள்ளை இன்னிக்குத் தன் காசில் டிக்கெட் வாங்கும் வயசுக்கு வந்தாச்சு. தோற்கும்போதுதான் இருக்கை சும்மா கிடக்கும். அப்போ கொடுத்தா செலவே இல்லை. ஜெயிக்க ஆரம்பிச்ச பிறகு யோசிச்சா ஒவ்வொரு இலவச இருக்கையும் நஷ்டமாத் தெரியும்.

அப்புறம் தண்ணீர். வீரர்களே ஹிட் அடிச்சா டக்அவுட்டில் புல்வெளித் தெளிப்பான் மாதிரி தண்ணீர் துப்ப ஆரம்பிச்சாங்க. 2023 மே மாதம் நிர்வாகம் அதையே பிடிச்சு, இடப்பக்க அவுட்ஃபீல்டில் 86ஆம் பகுதியைத் தண்ணீர்ப் பகுதியா மாத்திச்சு. டபுள், டிரிபிள், ஹோம் ரன் எதுவானாலும் "மிஸ்டர் ஸ்பிளாஷ்" குழாயைத் திறப்பார். நீச்சல் கண்ணாடி, மிதவை வளையத்தோட வர்ற ஆட்கள் உண்டு. புது உரிமையாளர் டேவிட் ரூபன்ஸ்டைன்கூட ஒருநாள் குழாயைப் பிடிச்சார். இது வேலை செஞ்சதுக்குக் காரணம், முதலில் ஆரம்பிச்சது வீரர்கள் என்பதுதான். விளம்பர ஏஜென்சி யோசிச்சிருந்தா ஒரு மாசம் ஓடியிருக்காது.

ஆனா ரசிகரைக் காயப்படுத்தினதும் இதே நிர்வாகம்தான். ட்ரே மான்சினி. 2020 முழுக்கப் பெருங்குடல் புற்றுநோய் சிகிச்சை, 2021ல் திரும்பி வந்தார். 2022 ஜூலை 28, எதிரணி டம்பா. அவர் தூக்கி அடிச்ச பந்தை வலப்பக்க ஃபீல்டர் ஜாஷ் லோ வெயிலில் தவறவிட்டார், பந்து முகத்தில் பட்டு ஓடிச்சு; மான்சினி எல்லா பேஸையும் சுத்தி வீடு வந்துட்டார். பந்து வேலியைத் தாண்டாத ஹோம் ரன். கேம்டன் யார்ட்ஸில் ஓரியோல்ஸ் சட்டையில் அவர் கடைசியா அடிக்க நின்னது அதுதான். ஆகஸ்ட் 1 ஹூஸ்டனுக்கு அனுப்பிட்டாங்க. அணி அப்போ வைல்ட் கார்டு இடத்துக்கு (பிரிவில் முதலிடம் பிடிக்காத அணிக்கான பிளேஆஃப் இடம்) சில ஆட்டம்தான் பின்னால் இருந்தது. மறுநாள் கடைசி இன்னிங்ஸ் வீசுற ஹோர்ஹே லோபஸும் மினசோட்டாவுக்கு. மூன்று ஆட்ட வித்தியாசத்தில் பிளேஆஃப் போச்சு.

கணக்குப்பிள்ளை

லோபஸ் விற்பனையைக் குறை சொல்ல முடியாது. பதிலுக்கு வந்த யெனியர் கானோ அடுத்த வருஷமே ஆல் ஸ்டார்.

பகுதி 86

கணக்கு சரிதான் அண்ணா, நான் மறுக்கலை. கணக்கு சரியா இருக்கும்போதுதான் ரசிகனுக்கு அதிகம் வலிக்கும். 2025 ஜூலை 29 அன்று டொராண்டோவோட இரட்டை ஆட்டம். முதல் ஆட்டம் முடிஞ்சதும் செராந்தனி டொமிங்கஸை எதிரணிக்கே வித்தாங்க. மனுஷன் பையைத் தூக்கிட்டு நடந்தே எதிர் அறைக்குப் போனார். ஃபிளைட் செலவு மிச்சம்.

எட்டாம் இன்னிங்ஸ்

அப்போது நீண்டகால ஒப்பந்தம்தானே வழி? அட்லாண்டா செய்ததுபோல.

கணக்குப்பிள்ளை

அட்லாண்டா 2019ல் அக்குன்யாவுக்கு எட்டு வருஷம் 10 கோடி, ஆல்பிஸுக்கு ஏழு வருஷம் 3.5 கோடி என்று பிடித்தது. கன்சாஸ் சிட்டி 2024ல் பாபி விட் ஜூனியருக்கு 11 வருஷம் 28.87 கோடி. பேரம் எப்போது படியும் என்றால், வீரருக்கு இன்னும் பெரிய சம்பளம் வராத முதல் இரண்டு வருஷத்தில். காய பயம் அவர் பக்கம், விலை உயரும் பயம் அணி பக்கம். தீர்ப்பாய வருஷத்துக்குள் நுழைந்தபின் அவருக்கு அவசரம் குறைந்துவிடும். ரட்ச்மன்போல டிராஃப்டிலேயே 81 லட்சம் டாலர் வாங்கியவருக்கு அந்த அவசரம் ஆரம்பத்திலிருந்தே கிடையாது. ஹென்டர்சனுக்கும் ஹாலிடேக்கும் ஏஜென்ட் ஸ்காட் போராஸ். அவர் தன் ஆட்களைப் பொதுவாகச் சந்தைக்குக் கொண்டுபோகத்தான் பார்ப்பார்.

எலியாஸ் வந்து ஏழாவது சீசனில்தான் முதல் நீண்ட ஒப்பந்தம் போட்டார். 2025 ஆகஸ்ட், கேட்ச்சர் சாமுவேல் பசாயோ, எட்டு வருஷம் 6.7 கோடி. வயது 21, மேஜர் லீக்கில் ஏறிச் சில நாள்தான் ஆகியிருந்தது. டொமினிக்கன் குடியரசிலிருந்து 13 லட்சம் டாலருக்கு 2021ல் வந்தவர். பேரம் படியும் நேரம் என்று மேலே சொன்னேனே, அச்சு அசலாக அந்த நேரம்.

பச்சைப் புல்

கடைசியா ஒண்ணு. எட்டு வயசுப் பிள்ளைக்கு ஜெர்சி வாங்கினா முதுகில் எந்தப் பெயர்?

பகுதி 86

பசாயோ. 2033 வரைக்கும் கையெழுத்து இருக்கு, 2034 அணியின் விருப்பம். ஹென்டர்சன் பெயர்தான் வேணும்னு பிள்ளை அடம் பிடிச்சா வாங்கிக் கொடுங்க, ஆனா சரியான அளவில் எடுங்க. வளர்ந்த பிறகு போடட்டும்னு பெருசா எடுக்காதீங்க.