குளிர்பெட்டி இறைச்சி: 7 சதவீதமா, 8 சதவீதமா?

கடைசித்தீக்குச்சி:
வழிகாட்டிப் பகுதியில் மூத்தவேடன் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து ஆத்திரமாக வருகிறது. "குளிர்பெட்டியில் பக் (நிரல் கோளாறு) எதுவும் கிடையாது, சரக்கைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதவர்கள்தான் பக் பக் என்று கத்துகிறார்கள்" என்கிறார். நான் கத்தவில்லை. கணக்கு வைக்கிறேன், பாருங்கள்.

இந்த உயிர்பிழைக்கும் விளையாட்டில் பச்சை இறைச்சி வெளியில் 6 நாள் தாங்கும். குளிர்பெட்டியில் பாதி வேகத்தில்தான் கெடும், ஆக 12 நாள். 31ஆம் நாள் விடியலில் 20 துண்டுகளைப் பெட்டியில் வைத்துவிட்டு வடக்குக் குகைக்குக் கிளம்பினேன். அப்போது கெடாமல் மிஞ்சியிருப்பது 90 சதவீதம் என்று காட்டியது. 36ஆம் நாள் விடியலில் திரும்பினேன். 5 நாளுக்குப் பெட்டிக்குள் 42 குறையும், 48 மிஞ்சும். எனக்கு மிஞ்சியது 7! தரையில் போட்டிருந்தால் 83 குறைந்து 7 வரும். அதே 7. அப்படியானால் பெட்டி எதற்கு?

நாம் தூரம் போனதும் விளையாட்டு அந்த இடத்தை நிறுத்திவைக்கிறது. திரும்பி வரும்போது போன நேரத்தை மொத்தமாகக் கழிக்கிறது. அந்த நேரத்தில் இறைச்சி முதலில் லோட் ஆகி, பெட்டி அப்புறம் லோட் ஆகிறது என்பது என் கணிப்பு. அதனால்தான் வெளி வேகத்தில் கழிகிறது.

மூத்தவேடன்:
என் பெயரை இழுத்ததால் வந்தேன். ஒரே கேள்வி. 20 துண்டும் ஒரே வேட்டையில் கிடைத்தவையா?

கடைசித்தீக்குச்சி:
19 துண்டு புதுசு, 92 சதவீதம். ஒரு துண்டு பையில் கிடந்த பழசு, 50. ஒரே ஸ்டாக்காக, அதாவது ஒரே அடுக்காகச் சேர்த்தேன். சராசரி 89.9, திரையில் 90. இதில் என்ன இருக்கிறது?

மூத்தவேடன்:
எல்லாமே அதில்தான் இருக்கிறது, தம்பி. சராசரி திரையில் காட்டுவதற்கு மட்டும்தான். சேவ் ஆகும்போது கடைசியாகச் சேர்த்த துண்டின் எண்தான் ஸ்டாக் முழுவதற்கும் பதிவாகிறது. நீங்கள் விட்டுப் போனது 90 இல்லை, 50. ஐம்பதில் 42 போனால் 8. பெட்டி தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறது. அந்த ஒரு பழைய துண்டைப் போட்டது நீங்கள்.

கடைசித்தீக்குச்சி:
வந்தது 7. எட்டு இல்லை. ஸ்கிரீன்ஷாட் போட்டிருக்கிறேன். தம்பி என்று கூப்பிட வேண்டாம், என் வயது உங்களுக்குத் தெரியாது.

ஈரவிறகு:
மூத்தவேடன் சொல்வதே சரி என்று வைத்துக்கொள்வோம். திரையில் 90 காட்டிவிட்டு உள்ளே 50 என்று சேவ் செய்தால் அதுவும் பக் தானே? பக் என்று எதைச் சொல்கிறோம் என்று முதலில் பேசிக்கொண்டால் நல்லது.

மூத்தவேடன்:
அது பக் இல்லை, வடிவமைப்பு. பழசைப் புதுசோடு கலந்து ஏமாற்றக் கூடாது என்று வைத்த தண்டனை. 7-க்கு வருகிறேன். பெட்டியை எப்போது திறந்தீர்கள்? வந்ததும் தீ மூட்டியிருப்பீர்கள். இங்கே ஒரு நாள் என்பது 20 நிமிடம். பெட்டிக்குள் 1 சதவீதம் குறைய 2 நிமிடம் 24 நொடி ஆகும். இரண்டு நிமிடம் தீயோடு மல்லுக்கட்டினால் 8 என்பது 7 ஆகிவிடும்.

கடைசித்தீக்குச்சி:
தீ மூட்டவில்லை. வந்ததும் நேரே பெட்டிக்குத்தான் போனேன். ஐந்து நாள் குகையில் காளான் தின்றுவிட்டு வந்தவன் முதலில் எங்கே போவான்? 7 தான்.

நத்தைஓடு:
கலந்து வைத்தால் தண்டனை என்பதை எங்கிருந்து பிடித்தீர்கள் மூத்தவேடன்? 2013இல் வந்த டோன்ட் ஸ்டார்வ் விளையாட்டிலும் இதே கணக்குதான். இறைச்சிக்கு 6 நாள், ஐஸ் பெட்டியில் பாதி வேகம், ஸ்டாக்கில் சேர்த்தால் உண்மையான சராசரி. பழசைப் புதுசோடு சேர்த்துக் காப்பாற்றுவது அங்கே எல்லோருக்கும் தெரிந்த வழி. யாரும் அதை ஏமாற்று என்று சொன்னதில்லை.

மூத்தவேடன்:
அது வேறு விளையாட்டு. அதை ஆட வேண்டுமானால் அங்கே போய் ஆடுங்கள்.

சாம்பல்:
எனக்கு இந்த அழுகல் சமாச்சாரமே பிடிக்காது. மைன்கிராஃப்டில் பச்சை இறைச்சியைப் பெட்டியில் போட்டால் எத்தனை வருடமானாலும் அப்படியே இருக்கும். வேட்டையாடி, வீடு கட்டி, நிம்மதியாக இருக்கலாம். இங்கே பாதி நேரம் சமையலறைக் கணக்குப்பிள்ளை வேலை.

நத்தைஓடு:
அழுகல் இல்லாவிட்டால் ஒரே நாள் வேட்டையில் குளிர்காலம் முழுவதையும் கழித்துவிடலாம். பசி என்று ஒன்றை வைத்ததற்கு அர்த்தமே இருக்காது. தி லாங் டார்க்கில் சமையல் திறன் ஐந்தாம் நிலைக்கு வந்துவிட்டால் கெட்டுப்போன உணவைத் தின்றாலும் விஷம் ஏறாது. அந்த நிலைக்கு வரும்வரை ஒவ்வொரு துண்டையும் பயந்து பயந்து தின்றிருப்பதால்தான் அந்த நிம்மதி பெரிதாகத் தெரிகிறது.

சாம்பல்:
உங்களுக்குப் பயந்து பயந்து தின்பது பிடிக்கிறது. எனக்குப் பிடிக்கவில்லை. மேலும், சுற்றிலும் பனி. பனியில் கிடக்கும் இறைச்சி எப்படி ஆறே நாளில் அழுகும்?

கடைசித்தீக்குச்சி:
சாம்பல், அதற்குத் தனித் திரி தொடங்குங்கள். இங்கே பேச்சு 7 பற்றியது. முழு எண்ணாக்குவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 89.9-இல் 83.3 போனால் 6.6, திரையில் 7. மூத்தவேடன் கணக்கில் 50-இல் 41.7 போனால் 8.3, திரையில் 8. என் படத்தில் 7. இதற்கு மேல் என்ன வேண்டும்?

ஈரவிறகு:
இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. விளையாட்டு பக்கத்து முழு எண்ணுக்கு ஏற்றிக் காட்டுகிறதா, புள்ளிக்குப் பின்னால் இருப்பதை வெட்டிவிடுகிறதா? வெட்டினால் 6.6 என்பது 6 என்றுதான் தெரியும், 7 வராது. 8.3 என்பது ஒரு நிமிடத்துக்குள் 8-க்குக் கீழே இறங்கி 7 என்று தெரியும்.

மூத்தவேடன்:
ஈரவிறகு என் பக்கம் பேசுவார் என்று எதிர்பார்க்கவில்லை. வெட்டித்தான் காட்டுகிறது. உடல் வெப்பத்தைக் கவனியுங்கள், அங்கேயும் வெட்டல்தான். பெட்டியை நோக்கி நடந்த அந்த ஒரு நிமிடம் போதும்.

ஈரவிறகு:
நான் யார் பக்கமும் பேசவில்லை. கேட்டேன்.

கடைசித்தீக்குச்சி:
என் ஸ்டாக்கைச் சேர்த்தபோது 89.9 என்பதை 90 என்றுதான் காட்டியது. வெட்டியிருந்தால் 89 காட்டியிருக்கும். முதல் பதிவிலேயே 90 என்று எழுதியிருக்கிறேன். யாராவது படித்தீர்களா? மூத்தவேடனுக்கு இது புதுசும் இல்லை. நனைந்த விறகு பற்றிய திரியிலும் இப்படித்தான். கூரைக்குக் கீழே விறகு நனையாது என்று மூன்று பக்கம் சாதித்தார். அடுத்த அப்டேட்டில் "கூரைக்குக் கீழே விறகு நனைவது சரிசெய்யப்பட்டது" என்று வந்தது. அதற்குப் பிறகு அந்தத் திரிப்பக்கம் அவர் வரவே இல்லை.

மூத்தவேடன்:
விறகு வேறு, இறைச்சி வேறு. நான் அந்தத் திரிக்கு வராமல் போனது வேலை இருந்ததால். 900 மணி நேரத்துக்கு மேல் இதை ஆடியிருக்கிறேன். என் பெட்டியில் ஒருமுறைகூட இப்படி அழுகியதில்லை. ஏனென்றால் நான் பழைய துண்டைச் சேர்ப்பதில்லை.

நத்தைஓடு:
உங்கள் பெட்டியில் அழுகாததற்குக் காரணம் நீங்கள் எப்போதும் மூன்று பேரோடு ஆடுவது. யாராவது ஒருவர் முகாமிலேயே இருக்கிறார். இடம் நிறுத்தப்படுவதே இல்லை, மொத்தமாகக் கழிக்கும் வேலையும் அங்கே நடப்பதில்லை. தனியாக ஆடுபவனுக்குத்தான் இது வரும்.

மூத்தவேடன்:
கூட்டாக ஆடினால் திறமை இல்லை என்கிறீர்களா?

நத்தைஓடு:
நான் திறமை பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

முள்வேலி:
இப்போதுதான் சோதித்தேன். தனி ஆட்டம். பழைய துண்டே இல்லாமல் ஒரே வேட்டையின் 4 துண்டுகள், 95 சதவீதம். பெட்டியில் வைத்துவிட்டு 3 நாள் வெளியே போனேன். 70 இருக்க வேண்டும். 45 இருந்தது. பாதி வாழ்நாள் போய்விட்டது, அதாவது வெளி வேகம். தீக்குச்சி சொன்னது சரி.

கடைசித்தீக்குச்சி:
நன்றி முள்வேலி! பழைய துண்டு இல்லை, கலப்பு இல்லை. இப்போது என்ன சொல்கிறீர்கள் மூத்தவேடன்?

மூத்தவேடன்:
முள்வேலி, மாட் (விளையாட்டை மாற்றும் கூடுதல் நிரல்) ஏதாவது போட்டிருக்கிறீர்களா?

முள்வேலி:
பையைப் பெரிதாக்கும் மாட் ஒன்றுதான். அதற்கும் பெட்டிக்கும் சம்பந்தம் இல்லை.

மூத்தவேடன்:
பையும் பெட்டியும் ஒரே வகைக் கொள்கலன். ஒன்றைத் தொட்டால் மற்றதும் மாறும். மாட் போட்ட சோதனை செல்லாது.

முள்வேலி:
நான் இரவு உட்கார்ந்து ஒரு மணி நேரம் சோதித்ததை ஒரே வரியில் செல்லாது என்கிறீர்கள். நீங்கள் இதுவரை ஒரு சோதனையாவது செய்தீர்களா?

சாம்பல்:
மாட் போடுபவர்களைத் திருடர்கள் மாதிரி பேசுவது இங்கே வழக்கமாகிவிட்டது. நான் பசியையே குறைக்கும் மாட் போட்டிருக்கிறேன். என் ஆட்டம், என் விருப்பம்.

மூத்தவேடன்:
பசியைக் குறைத்துவிட்டு உயிர்பிழைக்கும் விளையாட்டு ஆடுகிறேன் என்று சொல்வது உங்கள் விருப்பம்தான். ஆனால் உணவு கெடுவது பற்றிய பேச்சில் உங்களுக்கு என்ன வேலை?

சாம்பல்:
பொதுத் திரி. நான் வருவேன்.

கடைசித்தீக்குச்சி:
பேச்சை மாற்றாதீர்கள். மாட் இல்லாமல் நான் இன்று இரவே மறுபடி செய்கிறேன். ஒரே வேட்டையின் 20 துண்டு. 5 நாள். வீடியோவாக எடுத்துப் போடுகிறேன்.

மூத்தவேடன்:
எடுங்கள். வெட்டு இல்லாமல் எடுங்கள். கதவைத் திறப்பதிலிருந்து பெட்டியைத் திறப்பதுவரை எத்தனை நொடி என்று எண்ணிப் பார்ப்பேன். அந்தப் பழைய படத்தில் உங்களுக்குப் பின்னால் வெளிச்சம் தெரிகிறது. தீ மூட்டவில்லை என்றால் அது எங்கிருந்து வந்தது?

கடைசித்தீக்குச்சி:
விடியல். 36ஆம் நாள் விடியல் என்று முதல் பதிவிலேயே எழுதியிருக்கிறேன்.

மூத்தவேடன்:
விடியல் வெளிச்சம் நீலமாக இருக்கும். படத்தில் இருப்பது மஞ்சள்.

கடைசித்தீக்குச்சி:
ஜன்னல் கிழக்குப் பக்கம். தீ மூட்டவில்லை. 7 தான்.