'ஃப்ராஜைல்' ஆல்பத்து பேஸ் டோன்: ரெண்டு டிராக்கையும் சேர்த்தா அடி காணாம போகுது, உதவி தேவை

நாலுகம்பி:
யெஸ் ராக் குழுவோட 'ஃப்ராஜைல்' (1971) ஆல்பத்துல கிறிஸ் ஸ்குவையர் வாசிச்ச பேஸ் கிட்டார் டோன் வேணும். 'ரவுண்டபவுட்'ல வர்ற மாதிரி மேல கறகறன்னு உறுமணும், அடியும் (தாழ்ந்த ஒலி) கெட்டியா நிக்கணும். டிராக்கை ரெண்டாக்கி ஒண்ணுல டிஸ்டார்ஷன் (ஒலியைக் கரகரப்பாக்கறது) போட்டேன். தனித்தனியா கேட்டா நல்லா இருக்கு, சேர்த்தா அடி போயிடுது. சனிக்கிழமை ரெக்கார்டிங். சீக்கிரம் சொல்லுங்க.

அடிச்சுருதி:
என்ன பேஸ்? கம்பி என்ன, எவ்வளவு பழசு? வாசிக்கறது பிக்காலயா (கம்பியை மீட்டற சின்னத் தகடு), விரலாலயா? டிஸ்டார்ஷன் கணினிக்குள்ள பிளகினா, வெளி பெடலா?

ரீங்காரம்:
கம்பிதான், சந்தேகமே வேண்டாம். ஸ்குவையர் போட்டது ரோட்டோசவுண்ட் ஸ்விங் பேஸ் 66. ஸ்டீல் ரவுண்டுவூண்ட் (உருண்டைக் கம்பி சுத்தினது). 45-65-80-105 தடிமன் செட் வாங்குங்க. நிக்கல்ல அந்த உலோகச் சத்தம் முழுசா வராது. கம்பிச் சுற்றுக்குள்ள வியர்வையும் அழுக்கும் இறங்கிட்டா மேல் ஹார்மானிக்ஸ் (சுருதியோட சேர்ந்து வர்ற கூர்மையான துணை ஒலிகள்) செத்துடும். அப்புறம் டிரெபிளை எவ்வளவு ஏத்தினாலும் இரைச்சல்தான் ஏறும்.

மூத்தகுடி:
இந்தக் கேள்வி ஏற்கெனவே பலதடவை வந்தாச்சு, தேடிட்டுக் கேட்கலாம் தம்பி. அவர் கையில இருந்தது ரிக்கன்பேக்கர். ரோஸ்-மோரிஸ் பிரிட்டன்ல வித்த ஆர்எம்1999, அதாவது 4001எஸ் வகை. அதை ஸ்டீரியோவா வயரிங் மாத்தி, அடி ஒலியை பேஸ் ஆம்புக்கும் மேல் ஒலியை கிட்டார் ஆம்புக்கும் அனுப்பினார். இந்த அடிப்படை தெரியாம பெடலைத் திருகி என்ன பிரயோஜனம்?

தந்திமீட்டு:
கையை யாருமே சொல்லலையே. பிக்கோட நுனி கொஞ்சம்தான் வெளிய தெரியணும். பிக் கம்பியைத் தட்டின அடுத்த கணமே கட்டைவிரல் சதை அதே கம்பியில உரசணும். ஸ்குவையர் அப்படித்தான் வாசிப்பார். அந்த உரசல்ல மேல் ஹார்மானிக்ஸ் எகிறும். பிக் 1 மி.மீ. அல்லது கூட. 12வது ஃப்ரெட்ல (கழுத்துல பதிச்ச குறுக்குப் பட்டை) இ கம்பி உயரம் 2 மி.மீ.க்குள்ள இருந்தா பலமா அடிக்கும்போது கம்பி ஃப்ரெட்ல மோதுற சத்தமும் சேரும். அது வேணும், பயப்படாதீங்க.

நாலுகம்பி:
ஜாஸ் பேஸ் மாடல். கம்பி வாங்கினப்போ இருந்ததுதான். பிக். வெளி பெடல், இன்டர்ஃபேஸ்லேருந்து (கணினியோட ஒலிப்பெட்டி) அனுப்பித் திருப்பி ரெக்கார்ட் பண்றேன்.

அடிச்சுருதி:
இதை முதல்லயே சொல்லியிருந்தா நேரம் மிச்சம். டோனுக்கு முன்னாடி ரெண்டு பாதையும் ஒத்துப்போகணும். பெடலுக்குள்ள ஒரு டிரான்சிஸ்டர் கட்டம் இருந்தாலே பொலாரிட்டி (அலையோட மேல்-கீழ் திசை) தலைகீழாகலாம். போயிட்டு வர்ற தாமதம் வேற.

முதல்ல எல்லா ஃபில்டரையும் எடுத்துடுங்க. ஒரு 'கிளிக்' ஒலியை பெடல் வழியா அனுப்பி ரெக்கார்ட் பண்ணி, மூலத்துக்கும் இதுக்கும் எத்தனை சாம்பிள் (டிஜிட்டல் ஒலியோட ஒரு துளி) வித்தியாசம்னு பெரிசாக்கிப் பாருங்க. 48 கிலோஹெர்ட்ஸ்ல 64 சாம்பிள்னா 1.33 மில்லிசெகண்ட். ரெண்டும் ஒரே அளவுல சேரும்போது ஒலி அமுங்கற முதல் பள்ளம் 375 ஹெர்ட்ஸ்ல விழும், பேஸோட உடம்பு இருக்கற இடம் அது. பெடல் டிராக்கை அத்தனை சாம்பிள் முன்னால நகர்த்துங்க. அப்புறம் பொலாரிட்டி பட்டனை அழுத்திப் பாருங்க, எதுல அடி கூடுதோ அதுதான் சரி.

கடைசியா ஃபில்டர். சுத்தமான டிராக்குக்கு 250 ஹெர்ட்ஸ் லோ-பாஸ் (கீழ் ஒலியை மட்டும் விடும்), 4:1 கம்ப்ரஷன் (சத்த ஏற்ற இறக்கத்தை அடக்கும்). மத்ததுக்கு அதே 250ல ஹை-பாஸ் (மேல் ஒலியை மட்டும் விடும்), அதுவும் டிஸ்டார்ஷனுக்கு முன்னாடி. பின்னாடி போட்டா இ கம்பியோட அடியே பெடலைக் கலக்கி சேறாக்கிடும். ஃபில்டர் வகை பட்டர்வொர்த் 12 டெசிபல் சரிவுன்னா பிரியற இடத்துல ரெண்டும் 180 டிகிரி எதிரெதிர், ஒண்ணைத் திருப்பணும். லிங்க்விட்ஸ்-ரைலி 24ன்னா வேண்டாம். பெடல் கெயின் (டிஸ்டார்ஷன் அளவு) பாதிக்குக் கீழ, 1.5 முதல் 3 கிலோஹெர்ட்ஸ் வரை லேசா தூக்குங்க.

மூத்தகுடி:
இவ்வளவும் செஞ்சாலும் ஜாஸ் பேஸ் ஜாஸ் பேஸ்தான். பழைய ரிக்கன்பேக்கர் 4001ல பிரிட்ஜ் பிக்கப்புக்குத் (பிரிட்ஜ் பக்கம் கம்பி அதிர்வைப் பிடிக்கற காந்தச் சுருள்) தொடரா 0.0047 மைக்ரோஃபாராட் கபாசிட்டர் இருக்கும். அது இல்லாம அந்த மெல்லிய கூர்மை கிடைக்காது.

அடிச்சுருதி:
கபாசிட்டர் செய்யற வேலை அடியை வெட்டறது. 250 கிலோஓம் சுமைக்கு (பிக்கப்புக்கு எதிர்ல நிக்கற மின்தடை) வெட்டு சுமார் 135 ஹெர்ட்ஸ்லதான் ஆரம்பிக்குது. ஹை-பாஸ் ஃபில்டரும் அதைத்தானே செய்யுது?

மூத்தகுடி:
அந்தக் கணக்கு பிரிட்ஜ் பிக்கப் தனியா ஓடும்போது மட்டும். மோனோவுல (ரெண்டு பிக்கப்பும் ஒரே வயர்ல) ரெண்டு வால்யூமும் முழுசா திறந்திருந்தா நெக் பிக்கப்பே சுமையாகிடும். வெட்டு எங்கேயோ மேல போகும். உங்க ஃபில்டர்ல அந்த ஊடாட்டம் எங்க இருக்கு?

அடிச்சுருதி:
மோனோவுக்குச் சரி. ஆனா ஸ்டீரியோவுல ரெண்டு பிக்கப்பும் தனித்தனியா போகுதே! அவர் ஸ்டீரியோவா மாத்தினார்னு மேல நீங்கதான் எழுதியிருக்கீங்க.

ரீங்காரம்:
கபாசிட்டர் சண்டை இருக்கட்டும், நாலுகம்பி இன்னும் கம்பியை மாத்தலையே.

நாலுகம்பி:
பொலாரிட்டி தலைகீழா இருந்தது. 71 சாம்பிள் நகர்த்தினேன், அடி வந்துடுச்சு. கம்பி நாளைக்கு வருது. நன்றி அண்ணே.

தந்திமீட்டு:
புதுக் கம்பியை நல்லா இழுத்துவிட்டு சுருதி நின்னதும் இன்டொனேஷன் (ஒவ்வொரு ஃப்ரெட்லயும் சுருதி சரியா வருதான்னு) பாருங்க. ஸ்டீல்ல மேல் ஒலி கூடும், அதனால கெயினைக் கொஞ்சம் குறைச்சுத்தான் தொடங்கணும்.

மூத்தகுடி:
ஸ்டீரியோவுலயும் ஒவ்வொரு பிக்கப்புக்கும் அதோட வால்யூம், டோன் குமிழ் சுமை உண்டு. 250 கிலோஓம்னு எந்த அடிப்படையில எடுத்தீங்க?